தவணை தாண்டிய பள்ளி நூல்கள்

நேயர்களுக்கு வணக்கம்.

பள்ளி நூலகத்தில் எடுத்த புத்தகத்தைப் பிள்ளைகள் திருப்பித் தருவதில்லை என்ற புலம்பல் ஆசிரியர் அறையில் அடிக்கடி கேட்கும். அதற்குப் பயந்தே பீரோவைப் பூட்டி வைத்திருக்கிற பள்ளிகளும் உண்டு. அங்கே புத்தகம் தொலையாது, உண்மைதான். கரையானும் பூச்சியும் மட்டும் நிம்மதியாகப் படிக்கும்.

புத்தகம் வராமல் போவதற்கான காரணம் பெரும்பாலும் அதைக் கொடுத்த அன்றே உண்டாகிவிடுகிறது. வழங்கல் பதிவேடு என்று ஒரு நீள நோட்டு இருக்கும். அதில் ‘தெனாலிராமன் கதை, ஏழாம் வகுப்பு, கார்த்திக்’ என்று ஒரு வரி. அந்தக் கதைப் புத்தகத்தில் நான்கு பிரதிகள், ஏழாம் வகுப்பில் மூன்று கார்த்திக். பிறகு யாரைப் பிடித்துக் கேட்பது? ஒவ்வொரு பிரதிக்கும் தனித்தனியாக இட்டிருக்கிற பதிவு எண், வகுப்பும் பிரிவும், வருகைப் பதிவேட்டில் மாணவரின் வரிசை எண், இந்த மூன்றும் கட்டாயம் வேண்டும். தலைப்பை எழுத மறந்தால்கூடச் சமாளிக்கலாம், எண்ணை மறந்தால் முடியாது.

நீள நோட்டில் இன்னொரு தொல்லை. யார் தரவில்லை என்று பார்க்க ஒவ்வொரு பக்கமாகப் புரட்டவேண்டும். நாற்பது பக்கம் புரட்ட யாருக்கு நேரம்? அதனால் ஆண்டுக் கடைசியில்தான் புரட்டுவார்கள். இதற்குப் பழைய நூலகர்களின் அட்டை முறை நல்லது. ஐந்து அங்குல நீளம், மூன்று அங்குல அகலத்தில் ஓர் அட்டை. பழைய கல்யாணப் பத்திரிகையின் வெற்றுப் பக்கமே போதும். தலைப்பையும் பதிவு எண்ணையும் மேலே எழுதி, புத்தகத்தின் பின்னட்டை உள்பக்கம் காகிதப் பை ஒட்டி அதில் செருகிவையுங்கள். புத்தகம் எடுக்கும் பிள்ளை அட்டையில் பெயர், வகுப்பு, வரிசை எண் எழுதிக் கையெழுத்துப் போடும். அட்டை நம்மிடம் தங்கும். ஒரு ஷூ பெட்டியில், தவணைத் தேதி எழுதிய தடுப்புக்குப் பின்னால் அது நிற்கும். புத்தகம் வந்ததும் எண்ணைச் சரிபார்த்து அட்டையைத் திரும்பப் பைக்குள் போடவேண்டும். தேதி தாண்டியும் பெட்டியில் எவை நிற்கின்றனவோ அவைதான் பாக்கி. தனியாகப் பட்டியல் எடுக்கத் தேவையில்லை.

எண்ணைச் சரிபார்ப்பதில் சோம்பல் கூடாது. ஒரே தலைப்பை எடுத்த இரண்டு பிள்ளைகள் பிரதியை மாற்றிக் கொண்டுவந்துவிடுவார்கள். ஒருத்தி கொடுத்தது இன்னொருத்தி கணக்கில் கழியும். கொடுத்தவள் பெயர் பாக்கியில் நிற்கும். “கொடுத்துட்டேன் டீச்சர்” என்று ஒரு பிள்ளை சொன்னால், முதலில் நம் அலமாரியைத் தேடுங்கள். பக்கத்துத் தட்டு, பைண்டிங்குக்கு ஒதுக்கிய குவியல், ஆசிரியர்களின் மேசை. கடைசியாகச் சொன்ன இடத்தில் கிடைப்பது பல ஆசிரியர்களுக்குப் பிடிக்காது, ஆனாலும் அங்கே கிடைக்கும்.

தவணையைத் தேதியாகச் சொல்வதைவிடக் கிழமையாகச் சொல்லுங்கள். ஏழாம் வகுப்பு ‘பி’ பிரிவுக்குச் செவ்வாய்தோறும் நூலகப் பாடவேளை என்றால், இந்தச் செவ்வாய் எடுத்தது அடுத்ததற்கு அடுத்த செவ்வாய் வரவேண்டும். திங்கள் மாலை வகுப்புத் தலைவர் கரும்பலகை ஓரத்தில் ‘நாளை நூலகம்’ என்று எழுதிவிட்டால், பாதிப் புத்தகம் தானாக வந்துவிடும்.

வராததற்குச் சீட்டு அனுப்புங்கள். காலை வழிபாட்டுக் கூட்டத்தில் பெயர் வாசிக்காதீர்கள். பெயர் வாசிக்கப்பட்ட பிள்ளை புத்தகத்தைக் கொண்டுவருகிறதோ இல்லையோ, நூலகப் பக்கம் வருவதை நிறுத்திவிடும். சீட்டில் தலைப்பு மட்டும் எழுதினால் போதாது. ‘நீல அட்டை, மேலே யானைப் படம், கட்டைவிரல் கனம்’ என்று எழுதுங்கள். எடுத்த பிள்ளைக்கே தலைப்பு மறந்திருக்கும். எழுதப் படிக்கத் தெரியாத அம்மாவோ பாட்டியோகூட, சீட்டில் இருப்பதைப் பிள்ளை வாசித்துக் காட்டினால், யானைப் படத்தைத் தேடி எடுத்துவிடுவார்கள். அக்காவோ அண்ணனோ அதே பள்ளியில் படித்தால் சீட்டு அவர்கள் கையில் போகட்டும். எங்கே தேடுவது என்றும் ஒரு வரி: கட்டிலடி, டியூஷன் பை, விடுமுறைக்குப் போன ஊர், முக்கியமாகப் பழைய பேப்பர் கடைக்குக் கட்டி வைத்திருக்கிற நோட்டுக் கட்டு.

அபராதம் போடலாமா என்றால், வேண்டாம் என்பேன். நாளுக்கு ஐம்பது காசு என்று வைத்தாலும் ஒரு மாதத்தில் பதினைந்து ரூபாய். அதை வீட்டில் கேட்கப் பயந்து பிள்ளை புத்தகத்தையே ஒளித்துவைக்கும். நாள் ஏற ஏறப் புத்தகம் திரும்பி வரும் வழி அடைபடுகிறது. சிகாகோ பொது நூலகம் 2019 அக்டோபரில் தாமதக் கட்டணத்தைக் கைவிட்டதும், வராமல் கிடந்த புத்தகங்கள் வேகமாகத் திரும்ப ஆரம்பித்தன. நம் பள்ளியில் பிப்ரவரியில் ஒரு வாரம், திங்கள் முதல் வெள்ளி வரை, தலைமையாசிரியர் அறையிலிருந்து தள்ளி, பாக்கிப் புத்தகங்களைப் போட்டுவிட்டுப் போக ஓர் அட்டைப்பெட்டி வையுங்கள். யாரும் கேள்வி கேட்கக் கூடாது, பக்கத்தில் யாரும் உட்காரவும் கூடாது. மார்ச்சில் வைத்தால் பொதுத்தேர்வுப் பிள்ளைகள் கைக்கு எட்டமாட்டார்கள்.

ஐப்பசி, கார்த்திகையில் வராத புத்தகம் பல நேரம் நனைந்த புத்தகம். திட்டு விழும் என்று அது பைக்குள்ளேயே கிடக்கும், இரண்டு நாளில் பூஞ்சணம் பிடித்துவிடும். நனைந்தால் மறுநாளே கொண்டுவரலாம், யாரும் திட்டமாட்டோம் என்று மழைக்கு முன்பே சொல்லிவிடுங்கள். வந்ததை வெயிலில் போடாதீர்கள், தாள் நெளிந்துபோகும். சில பக்கங்களுக்கு ஒன்றாகச் செய்தித்தாள் செருகி, மின்விசிறிக் காற்றில் வைத்து, தாளை மாற்றிக்கொண்டே இருந்து, ஈரம் போனபின் செங்கல் பாரம் வைத்தால் போதும்.

புத்தகத்துக்காக மாற்றுச் சான்றிதழை நிறுத்திவைப்பது சில இடங்களில் பழக்கம். எட்டாம் வகுப்பு வரை உள்ள பிள்ளைக்கு அதை உடனே தரவேண்டும் என்று 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் ஐந்தாம் பிரிவு சொல்கிறது. தாமதிக்கும் தலைமையாசிரியர்மீது ஒழுங்கு நடவடிக்கைக்கும் அதில் இடமுண்டு.

உண்மையிலேயே தொலைந்துவிட்டால் அதே புத்தகமோ அதே விலையில் வேறொன்றோ வாங்கிக்கொள்ளலாம். முடியாத வீடு என்றால் தலைமையாசிரியர் ஒப்புதலோடு இருப்புப் பதிவேட்டில் சிவப்பு மையில் கழித்துவிடுங்கள். அந்த எண்ணை வேறு புத்தகத்துக்குக் கொடுக்காதீர்கள். இரண்டு வருடம் கழித்து, கல்லூரிக்குப் போகிற பிள்ளை வீட்டைக் காலி செய்யும்போது கிடைத்தது என்று அதைக் கொண்டுவந்து நீட்டும். அப்போது சிவப்பு வரிக்குப் பக்கத்தில் ‘திரும்ப வந்தது’ என்று தேதி போட்டு எழுத இடம் வேண்டுமே.

நன்றி, வணக்கம்.