மூன்றா, ஐந்தா, பதினைந்தா?

நேயர்களுக்கு வணக்கம்.

'தமிழ்' என்ற சொல்லில் எத்தனை எழுத்து? வீட்டில் இரண்டாம் வகுப்புக் குழந்தை இருந்தால் கேட்டுப் பாருங்கள். த, மி, ழ் என்று விரலை மடக்கி, மூன்று என்று சொல்லும். சரியான விடை. பைத்தான் என்ற கணினி மொழியிடம் கேட்டால் ஐந்து என்கிறது. சி மொழியிடம் கேட்டால் 15 என்கிறது. யாரும் பொய் சொல்லவில்லை. 'மி'யில் இருக்கும் மகரமும் இகரக் குறியும் பைத்தானுக்குத் தனித்தனி. 'ழ்' என்பதில் ழகரம் வேறு, மேலே வைக்கும் புள்ளி வேறு. அப்படி எண்ணினால் ஐந்து வருகிறது. சி மொழிக்கு எழுத்து என்றாலே என்னவென்று தெரியாது. அது அறிந்தது பைட் மட்டும். பைட் என்றால் கணினியின் மெமரியை அளக்கும் சிறு அலகு. எழுத்துகளைப் பைட்டுகளாக மாற்றும் யூடிஎஃப்-8 முறையில் சேமித்த தமிழில் ஒவ்வொரு குறிக்கும் மூன்று பைட் ஆகிறது. ஐமூன்று பதினைந்து.

இப்படி எண்ணிக்கையிலேயே ஒத்துப்போகாத இரண்டு மொழிகளை ஒரே புரோகிராமுக்குள் உட்கார வைத்து வேலை வாங்குகிறோம். எப்படி வாங்குகிறோம், எங்கே இடறுகிறோம் என்பதைத்தான் இன்று சொல்ல வந்தேன்.

லைப்ரரி என்றால் இங்கே புத்தகம் இருக்கும் இடம் இல்லை. வேறொருவர் எழுதிச் சோதித்து, மற்றவர்கள் எடுத்துப் பயன்படுத்தும்படி வைத்திருக்கும் ஃபங்ஷன்களின் தொகுப்பு. ஃபங்ஷன் என்றால் ஒரு வேலையைச் செய்யப் பெயர் வைத்து எழுதிய கட்டளைத் துண்டு. தமிழில் நூலகம் என்றே சிலர் எழுதுகிறார்கள். கேட்கிறவர்களுக்குக் கன்னிமாரா நினைவுக்கு வந்துவிடும் என்பதால் நான் லைப்ரரி என்றே சொல்லிவிடுகிறேன்.

ஒரு மொழியில் எழுதும்போது இன்னொரு மொழியின் லைப்ரரி எதற்கு? ஆயிரம் நிரை, ஆயிரம் நிரல் கொண்ட இரண்டு அணிகளை, அதாவது எண் கட்டங்களை, பெருக்க வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். பள்ளிக் கணக்குதான், அளவு மட்டும் பெரிது. மொத்தம் 100 கோடிப் பெருக்கல். வெறும் பைத்தானில் எழுதினால் நிமிடக்கணக்கில் ஓடும். அதே பைத்தானில் நம்பை என்ற லைப்ரரியைக் கூப்பிட்டால் ஒரு நொடிக்குள் முடியும். பைத்தான் திடீரென்று வேகம் பிடித்துவிட்டதா? இல்லை. வேலையை வேறு ஆளிடம் கொடுத்துவிட்டு, அது கைகட்டி நிற்கிறது.

அந்த வேறு ஆள் யார் என்று தேடிப் போனால் 1957-க்குப் போய்ச் சேருவோம். ஐபிஎம் 704 கணினிக்காக ஜான் பேக்கஸும் அவருடைய குழுவும் ஃபோர்ட்ரான் மொழியை வெளியிட்ட ஆண்டு அது. விஞ்ஞானிகளும் பொறியாளர்களும் அணிக் கணக்குகளை அந்த மொழியில் எழுதிக் குவித்தார்கள். எழுபதுகளில் ஐஸ்பேக், லின்பேக் என்ற தொகுப்புகள் உருவாகின. 1992-இல் அவற்றின் வாரிசாக லாபேக் வெளிவந்தது. இந்தப் பணிகளின் நடுநாயகமாக இருந்த ஜாக் டொங்காராவுக்கு, கணினித் துறையின் மிகப் பெரிய விருதான டூரிங் விருது 2021-ஆம் ஆண்டுக்குக் கிடைத்தது.

இன்று ஒரு கல்லூரி மாணவி பைத்தானில் ஒருபடிச் சமன்பாடுகளுக்கு விடை காணச் சொல்லி ஒரே ஒரு வரி எழுதுகிறாள். அந்த வரி பல படி இறங்கி, 'டிஜிஇஎஸ்வி' என்ற பெயருள்ள ஃபங்ஷனிடம் போய் நிற்கிறது. வாயில் நுழையாத பெயர். டி என்றால் டபுள், ஜிஇ என்றால் ஜெனரல், எஸ்வி என்றால் சால்வ். ஏன் இந்தச் சுருக்கம்? அந்தக் காலத்து ஃபோர்ட்ரான் 77 தரத்தில் ஒரு பெயர் ஆறு எழுத்தைத் தாண்டக்கூடாது. இதில் எனக்குப் பிடித்த விஷயம் ஒன்று உண்டு. வேகத்துக்காக இந்த ஃபங்ஷன்களின் உள்ளே பலவற்றைப் பிற்பாடு சி மொழியிலும், கணினிச் சில்லுக்கு மிக நெருக்கமான அசெம்பிளி மொழியிலும் திரும்ப எழுதிவிட்டார்கள். ஆனாலும் கூப்பிடும் பெயர் மாறவில்லை, கூப்பிடும் முறையும் மாறவில்லை. கடையில் முதலாளி மாறினாலும் பெயர்ப் பலகை மாறாது அல்லவா, அதுபோல.

சரி, பைத்தான் ஃபோர்ட்ரானை எப்படிக் கூப்பிடுகிறது? நேராக இல்லை, நடுவில் சி நிற்கிறது. 1970-களின் தொடக்கத்தில் பெல் ஆய்வகத்தில் டென்னிஸ் ரிட்சி உருவாக்கிய மொழி. அதில் எழுதுவது சுகமான வேலை என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் இயங்குதளங்கள் அதில் எழுதப்பட்டன. அதனால் ஒரு ஃபங்ஷனுக்கு எண்களை எப்படிக் கொடுப்பது, விடையை எங்கே வாங்குவது என்ற சி-யின் பழக்கமே பொது வழக்கமாகிவிட்டது. ஜாவா, பைத்தான், ரஸ்ட், ஜூலியா எதுவாக இருந்தாலும் சி பேசத் தெரிந்துவைத்திருக்கிறது. ஊர்ச் சந்தையில் இரண்டு வியாபாரிகள், இருவருக்கும் தாய்மொழியாக இல்லாத மூன்றாவது மொழியில் பேரம் பேசுவதைப் பார்த்திருப்பீர்கள். அதேதான் இங்கேயும்.

அந்தச் சந்தை மொழியில் சொல்வளம் மிகக் குறைவு. எண், முகவரி, அவ்வளவுதான். முகவரி என்றால் மெமரியில் ஒரு பொருள் இருக்கும் இடம். பைத்தானில் ஒரு தசம எண் என்பது சாதாரண எண் இல்லை, அது ஒரு பொட்டலம். தன் வகை என்ன, தன்னை எத்தனை பேர் பிடித்திருக்கிறார்கள் என்ற குறிப்புகளோடு 24 பைட் எடுத்துக்கொள்ளும். ஃபோர்ட்ரானுக்கு வேண்டியதோ எட்டு பைட் எண். அதனால் நம்பை ஆரம்பத்திலேயே பொட்டலங்களைப் பிரித்து, எண்களை மட்டும் வரிசையாக அடுக்கி வைத்துக்கொள்கிறது. கூப்பிடும்போது, "முதல் எண் இங்கே இருக்கிறது, மொத்தம் இத்தனை" என்று முகவரியை நீட்டினால் போதும். பத்து லட்சம் எண்கள் இருந்தாலும் ஒன்றைக்கூடத் தூக்கிக்கொண்டு போக வேண்டியதில்லை.

இங்கேதான் நான் ஒருமுறை நன்றாக மாட்டிக்கொண்டேன். அதைச் சொல்வதற்கு முன் ஒரு குறுக்குப் பேச்சு. பள்ளிக் கணக்கில் நிரை என்றால் கிடை வரிசை, நிரல் என்றால் செங்குத்து வரிசை. கணினிக்காரர்கள் புரோகிராமையும் நிரல் என்று எழுதுகிறார்கள். குழப்பம் வேண்டாம், இன்று நிரல் என்றால் செங்குத்து வரிசைதான்.

அணி என்பது காகிதத்தில் சதுரம். மெமரியில் சதுரம் கிடையாது, ஒரே நீளக் கோடு. அதில் எதை முதலில் அடுக்குவது? சி மொழி நிரை நிரையாக அடுக்கும். ஃபோர்ட்ரான் நிரல் நிரலாக அடுக்கும். சி அடுக்கியதை ஃபோர்ட்ரானிடம் அப்படியே கொடுத்தால், அது வாங்கிக்கொள்ளும், கோபித்துக்கொள்ளாது. ஆனால் அணியைப் புரட்டிப் போட்டுப் படிக்கும்.

ஊருக்கு ஊர் பயணிகள் எத்தனை பேர் போகிறார்கள் என்று கணிக்கும் ஒரு புரோகிராம் எழுதினேன். மேலே பைத்தான், அடியில் யாரோ எப்போதோ எழுதிய ஃபோர்ட்ரான். இணைப்பு சரியாக இருக்கிறதா என்று பார்க்க ஊர்களுக்கிடையே உள்ள தூரப் பட்டியலைக் கொடுத்தேன். விடைகள் அத்தனையும் சரி. மகிழ்ச்சியாக வீட்டுக்குப் போனேன். அடுத்த வாரம் உண்மையான பயணிகள் எண்ணிக்கையைக் கொடுத்தபோது, பொங்கலுக்கு முந்தின நாள் ஊரெல்லாம் கிளம்பிச் சென்னைக்குப் போவதாகவும், சென்னையிலிருந்து ஊருக்குப் போக ஆளே இல்லை என்பதாகவும் விடை வந்தது!

நடந்தது இதுதான். மதுரையிலிருந்து திருச்சி எவ்வளவு தூரமோ, திருச்சியிலிருந்து மதுரையும் அவ்வளவு தூரம். தூரப் பட்டியல் ஒரு சமச்சீர் அணி. அதைப் புரட்டிப் போட்டாலும் அதேதான். நான் செய்த சோதனை, என் பிழையை மட்டும் கண்டுபிடிக்க முடியாத சோதனை. பொங்கல் கூட்டம் ஒருவழிக் கூட்டம் என்பதால் பிழைத்தேன்.

இந்தத் தொல்லைகளைத் தானாகப் பார்த்துக்கொள்ளும் கருவிகள் இருக்கின்றன. எஸ்தோனியாவைச் சேர்ந்த பியரு பீட்டர்சன் எழுதிய எஃப்2பை என்ற கருவி, ஃபோர்ட்ரான் கோப்பைப் படித்துவிட்டு, பைத்தானுக்கு ஏற்ற இணைப்பைத் தானே எழுதிக் கொடுக்கும். நான் அதைப் பயன்படுத்தியிருக்க வேண்டும். இளமைத் திமிர், கையாலேயே எழுதினேன்.

அடுத்தது மெமரி யாருடையது என்ற வழக்கு. கல்யாண வீட்டுக்கு வாடகைக்குப் பாத்திரம் எடுக்கிறோம். எந்தக் கடையில் எடுத்தோமோ அந்தக் கடையில்தான் திருப்பிக் கொடுக்க வேண்டும். சி லைப்ரரி ஒதுக்கிக் கொடுத்த மெமரியை அதே லைப்ரரியிடம்தான் விடுவிக்கக் கொடுக்க வேண்டும். மறந்தால் வாடகை ஏறிக்கொண்டே போகும், புரோகிராம் மெமரியைத் தின்று வீங்கும். இரண்டு பேர் தனித்தனியாகத் திருப்பிக் கொடுத்தாலோ புரோகிராம் அங்கேயே விழுந்துவிடலாம். தலைகீழாகவும் நடக்கும். பைத்தான், தனக்கு இனி வேண்டாம் என்று நினைத்த பொருளைத் துடைத்துவிடும். சி-யிடம் பழைய முகவரி இருக்கும், போய்ப் பார்த்தால் வீடு இருக்காது.

இது நடக்கும்போது கிடைக்கும் செய்தியையும் சொல்ல வேண்டும். பைத்தானில் தவறு செய்தால் எந்தக் கோப்பு, எந்த வரி, என்ன தவறு என்று வரிசையாகச் சொல்லும். இரு மொழிகளின் எல்லைக்கு அப்பால், சி பக்கம் தவறு நடந்தால் 'செக்மென்டேஷன் ஃபால்ட்' என்று இரண்டே சொல். அதற்குமேல் ஒரு வார்த்தை இருக்காது.

இவ்வளவு வம்பும் எதற்கு, எல்லாவற்றையும் ஒரே மொழியில் திரும்ப எழுதிவிட்டால் என்ன என்று இளைஞர்கள் கேட்பார்கள். உங்கள் கைப்பேசியைக் கையில் எடுத்துக்கொண்டு, அதில் தமிழ் எப்படித் தெரிகிறது என்று யோசியுங்கள். 'பெண்' என்று எழுதும்போது கணினி முதலில் பகரத்தைச் சேமிக்கிறது, அதற்குப் பிறகுதான் ஒற்றைக்கொம்பைச் சேமிக்கிறது. திரையில் வரையும்போது கொம்பை முன்னால் கொண்டுவர வேண்டும். கொண்டுவரத் தெரியாத புரோகிராமில் கொம்பு பகரத்துக்குப் பின்னால் நின்று, ணகரத்தோடு ஒட்டிக்கொள்ளும். 'கொ' என்றால் ஒரே குறியை இரண்டாகப் பிளந்து, ககரத்தின் இரு பக்கமும் வைக்க வேண்டும். இந்த வேலையைச் செய்யும் லைப்ரரிகளில் முதன்மையானது ஹார்ஃப்பஸ். பெயர் பாரசீகத்திலிருந்து வந்தது, 'திறந்த எழுத்து' என்ற பொருளில். உள்ளே சி ப்ளஸ் ப்ளஸ், வெளியே நீட்டும் கை சி. ஆண்ட்ராய்டு, குரோம், ஃபயர்ஃபாக்ஸ், லிப்ரேஆஃபிஸ் எல்லாம் அதைத்தான் கூப்பிடுகின்றன.

தமிழ், இந்தி, அரபி, தாய், கெமர் என்று ஒவ்வோர் எழுத்துமுறையின் நுணுக்கத்தையும் ஆண்டுக்கணக்கில் திருத்தித் திருத்திச் சேர்த்த லைப்ரரி அது. அதை ஜாவாவில் ஒருமுறை, பைத்தானில் ஒருமுறை, ரஸ்டில் ஒருமுறை என்று திரும்ப எழுதினால், ஒவ்வொன்றிலும் நம் கொம்பு வெவ்வேறு இடத்தில் உடையும். பைத்தானில் தமிழ் வாழ்த்து அட்டை செய்யப் போய், எழுத்து சிதறிப்போய்க் கிடப்பதைப் பார்த்துத் தலையில் கைவைத்தவர்கள் இந்த உரையைக் கேட்டுக்கொண்டிருக்கலாம். பெரும்பாலும் படம் வரையும் லைப்ரரிக்கும் ஹார்ஃப்பஸுக்கும் இடையே உள்ள இணைப்பு அவர்கள் கணினியில் இல்லை என்பதுதான் காரணம்.

தொடக்கத்தில் சொன்ன 15 பைட்டுக்கு வருகிறேன். ஒரு சிறு நிறுவனத்துக்காக வாடிக்கையாளர் பட்டியல் ஒன்று செய்தோம். மேலே பைத்தான், அடியில், உள்ளே எழுதியிருப்பதைத் திறந்து திருத்த முடியாத ஒரு பழைய சி லைப்ரரி. அதில் ஊர்ப் பெயருக்கு 20 பைட் இடம். முடிவைக் குறிக்கும் பூஜ்யத்துக்கு ஒன்று போக 19. ஆங்கிலத்தில் திருநெல்வேலி 11 எழுத்து, 11 பைட், தாராளமாக அடங்கும். பல ஆண்டு நன்றாக ஓடியது. பிறகு தமிழில் வேண்டும் என்றார்கள். மதுரையைப் போட்டுப் பார்த்தோம், 15 பைட், சரி. சேலம், அதுவும் 15. கோவை 12. ஒப்படைத்துவிட்டோம்.

கொஞ்ச நாளில் பட்டியலில் 'திருநெ' என்று ஓர் ஊர் முளைத்தது. 'திருவள' என்று இன்னொன்று. 'திருவண' என்று மூன்றாவது. திருநெல்வேலிக்கு 36 பைட் வேண்டும். ஆறு குறிகளோடு 18 பைட் முடிந்துவிடுகிறது. மிச்சமிருந்த ஒரு பைட்டில் அடுத்த எழுத்தின் மூன்றில் ஒரு பங்கு மட்டும் ஏறிக்கொண்டது. அந்த அரைகுறைப் பைட்டைப் பார்த்ததும் பைத்தான் நியாயமாகக் கத்தியிருக்க வேண்டும். புரியாத பைட் வந்தால் கண்டுகொள்ளாதே என்று அதற்குச் சொல்லிவைத்திருந்தது யார் என்றால், நான்தான். வேறு ஏதோ சிக்கலுக்காக அவசரத்தில் போட்ட ஒரு சொல். திருச்சி, திருப்பூர், திருவாரூர் என்று திருப்பெயர் கொண்ட ஊர்களாகப் பார்த்து விழுந்தன.

லைப்ரரியைத் திருத்த வழியில்லை. ஊர்ப் பெயரை எல்லை தாண்டி அனுப்புவதையே நிறுத்தினோம். ஒவ்வோர் ஊருக்கும் ஓர் எண். எண் மட்டும் அந்தப் பக்கம் போகும், பெயர் பைத்தானிடமே இருக்கும். கண்டுகொள்ளாதே என்ற சொல்லையும் எடுத்துவிட்டேன்.

அதற்குப் பிறகு எந்த லைப்ரரி கைக்கு வந்தாலும் மதுரையைக் கொடுத்துச் சோதிப்பதில்லை. முதலில் ஸ்ரீவில்லிபுத்தூரை அனுப்பிவைப்பேன். 54 பைட். போனது அப்படியே திரும்பி வந்தால்தான் அடுத்த வேலை.

நன்றி, வணக்கம்.