ராணிக்கு ஓர் எலி வளை

வணக்கம் குழந்தைகளே. இன்றைக்கு உங்களுக்கு ஒரு ராணியைப் பற்றிச் சொல்லப் போகிறேன். இந்த ராணிக்கு அரண்மனை கிடையாது. ஏவின வேலையைச் செய்ய ஆளும் கிடையாது. வசந்த காலம் தொடங்கியதும் தரையை ஒட்டித் தாழப் பறப்பாள். புல்லுக்குள்ளும் வேலி ஓரத்திலும் தலையை நுழைத்து நுழைத்து எதையோ தேடுவாள். எதை என்று தெரியுமா? எலி காலி செய்துவிட்டுப் போன பழைய வளையை!

பம்பிள் தேனீயின் ராணிதான் அவள். படத்தில் பார்த்திருப்பீர்கள். குண்டு உடம்பு, உடம்பு முழுக்க அடர்ந்த ரோமம், கருப்பும் மஞ்சளுமாகப் பட்டைகள். சில வகைகளுக்குப் பின்பக்கம் வெள்ளையாகவோ ஆரஞ்சாகவோ இருக்கும். கருவண்டு என்று சொல்கிறோமே, கட்டையில் ஓட்டை போடுகிற பெரிய கரிய தேனீ, அது வேறு. கருவண்டின் வயிறு ரோமமில்லாமல் பளபளவென்று இருக்கும். பம்பிள் தேனீக்கு அங்கேயும் ரோமம்தான்.

உலகத்தில் பம்பிள் தேனீ வகைகள் 250க்கு மேல் இருக்கின்றன. பெரும்பாலும் குளிர்ப் பகுதிகளில்தான் வாழும். ஐரோப்பா, வட அமெரிக்கா, இமயமலை, தென் அமெரிக்காவின் ஆண்டீஸ் மலைத்தொடர் எல்லாம் அதன் இடங்கள். ஆர்க்டிக் பகுதியில் வாழும் வகைகூட உண்டு. இத்தனை குளிரில் ஒரு பூச்சி எப்படிப் பறக்கிறது? பறக்க வேண்டுமென்றால் அதன் நெஞ்சுத் தசைகள் கிட்டத்தட்ட 30 டிகிரி சூட்டுக்கு வந்தாக வேண்டும். அதனால் காலையில் கிளம்புவதற்கு முன், இறக்கையை அசைக்காமல் தசையை மட்டும் துடிக்க வைக்கும். குளிரில் நமக்கு உடம்பு வெடவெடவென்று நடுங்குகிறதே, அதே வேலைதான். அந்த நடுக்கத்தில் சூடு ஏறும், பிறகு கிளம்பிவிடும். மற்ற பூச்சிகள் எல்லாம் வெயில் வரட்டும் என்று காத்திருக்கும்போது இது பூவில் உட்கார்ந்திருக்கும்.

இவ்வளவு குண்டாக இருப்பதால் கணக்குப்படி இது பறக்கவே முடியாது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். நொடிக்குச் சுமார் 200 தடவை இறக்கையை அடிக்கிறது, நன்றாகவே பறக்கிறது. கணக்குப் போட்டவர்தான் எங்கேயோ கோட்டை விட்டிருக்கிறார்.

சரி, ராணிக்கு வருவோம். போன வருஷத்துக் கோடையின் கடைசியில் பிறந்தவள் அவள். குளிர்காலம் வருவதற்குள் அவள் பிறந்த கூட்டில் பழைய ராணி, வேலைக்காரத் தேனீக்கள், ஆண் தேனீக்கள் எல்லாம் இறந்துபோகும். புது ராணிகள் மட்டும் தனித்தனியாக மண்ணுக்குள் சின்னக் குழி தோண்டிப் படுத்துவிடும். ஆறு மாதம், சில இடங்களில் எட்டு, ஒன்பது மாதம்கூடத் தூக்கம்தான்.

இந்தத் தூக்கத்தைப் பற்றி ஒரு வேடிக்கையான சங்கதி உண்டு. கனடாவில் குவெல்ஃப் பல்கலைக்கழகத்தில், தூங்கும் ராணிகளைச் சின்னக் குப்பிகளில் வைத்துக் குளிர்பெட்டிக்குள் பாதுகாத்து வந்தார்கள். ஒருநாள் பார்த்தால் சில குப்பிகளில் தண்ணீர் சேர்ந்து ராணிகள் மூழ்கிக் கிடக்கின்றன. போச்சு, எல்லாம் செத்துவிட்டன என்று நினைத்து எடுத்துப் பார்த்தால், உயிரோடு இருக்கின்றன! அப்புறம் வேண்டுமென்றே சோதித்துப் பார்த்தார்கள். ஒரு வாரம் தண்ணீருக்குள் கிடந்த ராணிகளில் பெரும்பாலானவை பிழைத்துக்கொண்டன. 2024ஆம் ஆண்டு இந்த ஆய்வு வெளிவந்தது. மழைவெள்ளம் மண்ணுக்குள் இறங்கினாலும் ராணி தாங்குவாள். மண்வெட்டியைத்தான் தாங்க மாட்டாள்.

வசந்தத்தில் எழுந்திருக்கும்போது அவளுக்கு அகோரப் பசி. உடனே பூ வேண்டும். அந்த நேரத்தில் வில்லோ மாதிரி சில மரங்கள்தான் பூத்திருக்கும். வயிறு நிறைந்ததும் வீடு தேடக் கிளம்புவாள். எலி வளை ஏன் பிடிக்கிறது என்றால், எலி ஏற்கெனவே காய்ந்த புல்லும் பாசியும் முடியும் கொண்டுவந்து மெத்தை போட்டு வைத்திருக்கும். குளிர் உள்ளே வராது. சில வகைகள் தரைக்கு மேலேயே, அடர்ந்த புல் புதரின் அடியில் கூடு கட்டும்.

உள்ளே என்ன நடக்கிறது என்று கொஞ்சம் எட்டிப் பார்க்கலாமா? ராணியின் வயிற்றுத் தகடுகளுக்கு நடுவிலிருந்து மெழுகு வரும். அதை வைத்து மிகச் சின்னதாக ஒரு பானை செய்வாள். பானையில் தேன். பக்கத்திலேயே மகரந்த உருண்டை ஒன்று. அதில் முட்டையிட்டு, அதன் மேல் வயிற்றை அழுத்திப் படுத்துக்கொள்வாள். கோழி அடைகாப்பதைப் பார்த்திருப்பீர்களே, அப்படியேதான். மறுபடியும் தசையைத் துடிக்கவைத்துச் சூடு ஏற்றி, அந்தச் சூட்டை முட்டைகளுக்குக் கொடுப்பாள். முகம் மட்டும் எப்போதும் தேன் பானைப் பக்கம் இருக்கும். பசித்தால் எழுந்திருக்காமலேயே நாக்கை நீட்டிக் குடித்துக்கொள்ளலாம்!

ஆனால் பானை மிகச் சின்னது. சீக்கிரம் தீர்ந்துவிடும். தேன் எடுக்க வெளியே போனால் முட்டைகள் குளிர ஆரம்பிக்கும். பூ பக்கத்திலேயே இருந்தால் சட்டென்று போய் வந்துவிடலாம். தூரத்தில் இருந்தால்? திரும்பி வருவதற்குள் முட்டைகள் ஆறிப்போகும். வளை நல்ல வளையாக இருந்தும், கொஞ்ச தூரத்தில் நல்ல பூந்தோட்டம் இருந்தும் கூடு அழிந்துபோவது இப்படித்தான். படுக்க இடம், கூடு கட்ட இடம், பூ மூன்றும் அடுத்தடுத்து இருக்க வேண்டும். அதைத்தான் வாழிடம் என்கிறோம்.

எல்லாம் நல்லபடியாக நடந்தால் நாலைந்து வாரத்தில் முதல் வேலைக்காரத் தேனீக்கள் வெளியே வரும். எல்லாம் பெண் தேனீக்கள், ராணியைவிட ரொம்பச் சின்னவை. பூவுக்குப் போகும் வேலையை அவை எடுத்துக்கொள்ளும். பின்னங்காலில் மகரந்தம் ஒட்டிவைக்கக் குழிவான இடம் இருக்கிறது, அதில் உருண்டை உருண்டையாகச் சுமந்து வரும். ராணி வீட்டோடு இருந்து முட்டையிடுவாள். ஆனாலும் குடும்பம் சின்னதுதான். தேனீ வளர்ப்பவரின் பெட்டியில் ஐம்பதாயிரம் தேனீக்கள்கூட இருக்கும். இங்கே பெரும்பாலும் ஐம்பதிலிருந்து நானூறு வரை. குளிர்காலத்துக்கு என்று தேன் சேர்த்துவைக்கும் பழக்கமும் இல்லை. கையிருப்பு சில நாளுக்குத்தான். அதனால் கோடை நடுவில் ஒரு வாரம் சுற்றுவட்டாரத்தில் பூவே இல்லை என்றால் வீட்டில் பட்டினி.

இப்போது எல்லோரும் வாயை மூடிக்கொண்டு 'ம்ம்ம்' என்று சொல்லுங்கள். சொல்லிக்கொண்டே தொண்டையில் விரல் வையுங்கள். அதிர்கிறதா? தக்காளிப் பூவுக்கு இந்த அதிர்வுதான் வேண்டும். தக்காளிப் பூவின் மகரந்தம் சின்னக் குழாய்க்குள் பூட்டி வைத்த மாதிரி இருக்கும். நுனி வழியாகத்தான் வெளியே வரமுடியும். பம்பிள் தேனீ பூவைத் தலைகீழாகப் பிடித்துத் தொங்கி, தாடையால் அந்தக் குழாயைக் கவ்வி, இறக்கையை மடக்கிக்கொண்டு உடம்பை மட்டும் 'ஸ்ஸ்ஸ்' என்று அதிர வைக்கும். மகரந்தம் பொலபொலவென்று அதன் வயிற்றில் கொட்டும். வழக்கமாகத் தேனுக்காக வளர்க்கும் தேனீக்கு இந்த வித்தை தெரியாது. முன்பெல்லாம் பசுமைக்குடிலில் தக்காளி பயிரிட்டவர்கள், அதிரும் கருவி ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு பூங்கொத்தாகத் தொட்டுப் போனார்கள். பெல்ஜியத்தில் ரோலண்ட் டி யோங்கே என்ற கால்நடை மருத்துவர் 1987இல் இந்த வேலைக்காகவே பம்பிள் தேனீ வளர்க்கும் நிறுவனத்தைத் தொடங்கினார். அதற்குப் பிறகு மனிதர்களுக்கு அந்த வேலை மிச்சம்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். லண்டனில் ஆய்வாளர்கள் பம்பிள் தேனீக்கள் நடமாடும் இடத்தில் குட்டிக் குட்டிப் பந்துகளைப் போட்டு வைத்தார்கள். பந்தை உருட்டினால் தேன் ஒன்றும் கிடைக்காது. இருந்தாலும் திரும்பத் திரும்ப வந்து உருட்டின. வயதானவற்றைவிட இளசுகள்தான் அதிகம் உருட்டினவாம். எனக்கு இதில் ஆச்சரியமே இல்லை!

இப்படிப்பட்ட பூச்சி பல இடங்களில் குறைந்து வருகிறது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 1930களில் இருந்த பூ நிறைந்த புல்வெளிகளில் 97 சதவீதம், அடுத்த ஐம்பது ஆண்டுகளில் போய்விட்டது. உழுது வேறு பயிர் போட்டார்கள், உரம் போட்டுப் புல்லை மட்டும் வளர்த்தார்கள். பூச்சிக்கொல்லி இன்னொரு தொல்லை. நியோனிக்கோட்டினாய்டு என்ற வகையைச் செடி உறிஞ்சிக்கொண்டால் தேனிலும் மகரந்தத்திலும்கூட அது வந்துவிடும். ஐரோப்பிய ஒன்றியம் அவற்றில் மூன்றைத் திறந்த வயல்களில் போடக்கூடாது என்று 2018இல் தடை செய்தது. வெப்பம் கூடுவதும் ரோமக்காரத் தேனீக்கு ஆகாது. அமெரிக்காவில் பிராங்க்ளின் பம்பிள் தேனீ என்று ஒரு வகை. ராபின் தோர்ப் என்ற பூச்சியியல் பேராசிரியர் 2006இல் ஒரு மலையில் ஒன்றே ஒன்றைப் பார்த்தார். அதற்குப் பின் திரும்பத் திரும்பப் போய்த் தேடினார். 2019இல் அவர் காலமாகும் வரை இன்னொன்று கண்ணில் படவில்லை.

இதற்கு நேர்மாறான கதையும் உண்டு. நியூசிலாந்தில் குடியேறியவர்கள் ஆடுமாடுகளுக்காகச் சிவப்பு கிளோவர் செடி பயிரிட்டார்கள். செடி வளர்ந்தது, விதை சரியாகப் பிடிக்கவில்லை. அந்தப் பூவுக்குள் எட்டுகிற நீள நாக்குத் தேனீ அங்கே இல்லை! 1885இல் இங்கிலாந்திலிருந்து தூங்கும் ராணிகளைக் குளிர்சாதன வசதியுள்ள கப்பலில் ஏற்றி அனுப்பினார்கள். போன ராணிகள் அங்கே பெருகின. நூறு வருஷம் கழித்து, அப்படிப் போன வகைகளில் ஒன்றான குட்டைரோம பம்பிள் தேனீ இங்கிலாந்திலேயே இல்லாமல் போனது. 1988இல் டஞ்சனெஸ் என்ற கடலோரப் பகுதியில் பார்த்ததுதான் கடைசி.

அதைத் திரும்பக் கொண்டுவர வேண்டும் என்று முடிவானது. ஆனால் தேனீயை முதலில் கொண்டுவரவில்லை. அந்தப் பக்கத்து விவசாயிகள் வயல் ஓரங்களில் பூச்செடிகளை வளரவிட்டார்கள், புல்வெளிகளை மீட்டார்கள். பிறகுதான், 2012இல், சுவீடனிலிருந்து ராணிகளைக் கொண்டுவந்து விட்டார்கள். அடுத்த வருஷம் வேலைக்காரத் தேனீக்களைப் பார்க்க முடிந்தது. அந்த ஒரு வகையை நிலைக்கவைப்பது சுலபமாக இல்லை. ஆனால் அந்த வட்டாரத்தை விட்டே போயிருந்த வேறு சில அரிய பம்பிள் தேனீக்கள், யாரும் கூப்பிடாமலே, பூவைப் பார்த்துத் திரும்பி வந்துவிட்டன.

நீங்கள் செய்யக்கூடியதில் பாதி, ஒன்றும் செய்யாமல் இருப்பதுதான். தோட்டத்திலோ பள்ளி வளாகத்திலோ ஒரு மூலையைப் பெருக்காமல், வெட்டாமல், கிளறாமல் விடச் சொல்லிப் பெரியவர்களிடம் கேளுங்கள். உதிர்ந்த இலை அங்கேயே கிடக்கட்டும். பார்க்க அழகாக இருக்காது. பரவாயில்லை, ராணி அழகு பார்த்து வருவதில்லை. பூச்செடி வைப்பதானால் ஒரே மாதத்தில் எல்லாம் பூத்து முடிகிற மாதிரி வைக்காதீர்கள். ஒன்று ஓய்ந்தால் அடுத்தது பூக்க வேண்டும். அடுக்கடுக்காக இதழ் வைத்த பூக்கள் கண்ணுக்குத்தான் அழகு. பலவற்றில் தேன் இருக்காது, இருந்தாலும் எட்டாது. மருந்து தெளிப்பதைக் கூடுமானவரை தவிர்க்கச் சொல்லுங்கள்.

பறக்க முடியாமல் சோர்ந்து தரையில் கிடக்கும் பம்பிள் தேனீயைப் பார்த்தால், பக்கத்தில் பூ இருந்தால் ஓர் இலையால் ஏந்தி அதில் விடுங்கள். பூ இல்லையென்றால் சர்க்கரையையும் தண்ணீரையும் சம அளவு கலந்து ஒரு சொட்டு அதன் முன்னால் வையுங்கள். கடையில் வாங்கிய தேன் வேண்டாம், அதில் தேனீ நோய்க் கிருமிகள் இருக்கலாம். ஒரு தடவை கொடுத்தால் போதும், தினமும் வேண்டாம்.

கொட்டுமா என்று கேட்பீர்கள். ஆண் தேனீக்குக் கொடுக்கே கிடையாது. பெண் தேனீ கொட்டும், தேவைப்பட்டால் இரண்டாவது தடவையும் கொட்டும். ஆனால் கூட்டைக் கிளறினாலோ உடம்பை நசுக்கினாலோதான். அதற்கு முன்னால் எச்சரிக்கையும் உண்டு. பூவில் இருக்கும்போது நீங்கள் ரொம்பக் கிட்டே முகத்தைக் கொண்டுபோனால் நடுக்காலை மெதுவாக மேலே தூக்கிக் காட்டும். வணக்கம் சொல்கிறது என்று நினைத்துவிடாதீர்கள், தள்ளிப் போ என்கிறது. இரண்டடி தள்ளி நின்று வேடிக்கை பாருங்கள்.