இலவச ரேஸ் கேமில் விலை எங்கே ஒளிந்திருக்கிறது? நேயரின் சந்தேகத்துக்கு விளக்கம்

நேயர்கள் அனைவருக்கும் வணக்கம். வந்திருக்கும் சந்தேகங்களில் இன்று ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன், ஏனெனில் அதற்கு இரண்டு வரியில் பதில் சொல்லிவிட்டுப் போக எனக்கு மனம் வரவில்லை. கல்லூரியில் படிக்கும் ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: "அண்ணா, ஒரு வருடமாக நான் எதிர்பார்த்துக்கொண்டிருக்கும் கார் ரேஸ் கேம் மொபைலுக்கு வரப்போகிறது. ப்ளே ஸ்டோரில் முன்பதிவு தொடங்கிவிட்டது. இலவசம் என்று போட்டிருக்கிறார்கள், ஆனால் இன்-ஆப் பர்ச்சேஸ் உண்டு என்றும் கீழேயே இருக்கிறது. ஒரே விலை வைத்து விற்றால் நான் வாங்கிவிடுவேன், அப்படி ஏன் விற்பதில்லை? இதை நம்பி இறங்கலாமா? பள்ளியில் படிக்கும் என் தம்பியும் இதே போனில்தான் விளையாடுவான்."

ஒரே விலை வைத்து விற்கும் வழக்கம் முன்பு இருந்தது, தம்பி. ரியல் ரேசிங் என்ற தொடரின் முதல் பாகம் 2009-இலும் இரண்டாம் பாகம் 2010-இலும் வெளிவந்தபோது இரண்டையுமே காசு கொடுத்துத்தான் வாங்க வேண்டும், வாங்கிய பிறகு முழு கேமும் உங்களுடையது. ஆனால் 2009 அக்டோபரில் ஆப்பிள் நிறுவனம், அதுவரை விலை கொடுத்து வாங்கும் செயலிகளுக்கு மட்டுமே தந்திருந்த செயலிக்குள்ளேயே பொருள் விற்கும் இன்-ஆப் பர்ச்சேஸ் வசதியை இலவசச் செயலிகளுக்கும் திறந்துவிட்டது, அதன் பிறகு கேம் வியாபாரத்தின் கணக்கே மாறிப்போனது. 2013 பிப்ரவரியில் பெரும் எதிர்பார்ப்புக்கிடையே ரியல் ரேசிங் 3 வந்தபோது அது இலவசம். உரிமம் பெற்ற உண்மையான கார்கள், உண்மையான ஓடுதளங்கள், அன்றைய போனில் வேறெங்கும் பார்க்க முடியாத அளவுக்கு அழகான காட்சி என்று எல்லாம் இருந்தன. சில பந்தயங்கள் ஓடியதும் எண்ணெய் மாற்ற வேண்டும், டயர் தேய்ந்துவிட்டது, பிரேக் பார்க்க வேண்டும் என்று கார் சர்வீசுக்குப் போய்விடும். சர்வீஸ் முடிய நிஜமான கடிகார நேரம் ஆகும். காத்திருக்கப் பொறுமை இல்லை என்றால் கேமுக்குள் உள்ள தங்கக் காசைக் கொடுத்து உடனே முடித்துக்கொள்ளலாம், அந்தத் தங்கக் காசு தீர்ந்துபோனால் நிஜப் பணம் கொடுத்து டாப்-அப் செய்யலாம்.

இந்த இடத்தைக் கொஞ்சம் நின்று பார்க்கும்படி கேட்டுக்கொள்கிறேன். காத்திருப்பு என்ற ஒன்றை முதலில் உண்டாக்குவதும் அவர்களே, அதிலிருந்து விடுபடும் வழியை விற்பதும் அவர்களே. ஒரு கார் வேண்டுமென்று நீங்கள் காசு கொடுத்தால் உங்கள் கையில் ஒரு கார் இருக்கும். காத்திருக்காமல் இருப்பதற்குக் கொடுத்த காசுக்கு அடுத்த நாள் காட்ட எதுவும் இருக்காது, மறுபடியும் எண்ணெய் மாற்ற வேண்டியிருக்கும். டிராக் ரேஸ் எனப்படும் இழுவைப் பந்தய கேம்களில் ஒவ்வொரு ஓட்டத்துக்கும் பெட்ரோல் குறைந்து, டேங்க் காலியானதும் மீண்டும் நிரம்பக் காத்திருக்க வைப்பதும் இதே வகைதான். வேறொரு கேமில் நானும் ஒரு விடுமுறை நாள் முழுவதும் இப்படிச் சிறு சிறு தொகையாகச் செலவிட்டிருக்கிறேன். மாலையில் கூட்டிப் பார்த்தபோது, அந்தத் தொகைக்கு ஒரு நல்ல கேமையே வாங்கியிருக்கலாம் என்பது தெரிந்தது.

அடுத்துச் சொல்லப்போவதுதான் என் பார்வையில் இதைவிடப் பெரிய சிக்கல், அதனால் அதை எண்களோடு சொல்கிறேன். நின்டெண்டோ நிறுவனம் மாரியோ கார்ட் டூர் என்ற மொபைல் ரேஸ் கேமை 2018-இன் தொடக்கத்தில் அறிவித்து, பிறகு ஒருமுறை தள்ளிப்போட்டு, 2019 செப்டம்பர் 25 அன்று வெளியிட்டது. பல ஆண்டுகளாகக் குழந்தைகள் வீட்டில் கூடி விளையாடிய தொடர் என்பதால் எதிர்பார்ப்பு மிக அதிகமாக இருந்தது. அந்த கேமில் நாம் விரும்பும் ஓட்டுநரையோ காரையோ நேராக வாங்குவது எளிதாக இல்லை. தொடக்கத்தில் இருந்த முறைப்படி, ரூபி என்னும் ரத்தினத்தைக் கொடுத்தால் ஒரு பச்சைக் குழாய் வெடிக்கும், உள்ளிருந்து என்ன வந்து விழுகிறதோ அதுதான் நமக்கு. ஒருமுறை வெடிக்க 5 ரூபி, பத்து முறை சேர்த்து வெடித்தால் 45 ரூபி. குழாய்க்குள் 100 பொருள்கள் இருக்கும், எல்லோரும் ஆசைப்படும் சிறப்பு ஓட்டுநர் அந்த நூற்றில் ஒருவர். அமெரிக்க விலையில் 135 ரூபி கொண்ட பெரிய பொதி 69.99 டாலர். குழாயை முழுவதும் காலி செய்தால்தான் அந்த ஓட்டுநர் நிச்சயம் என்ற நிலையில், அதற்கு 450 ரூபி ஆகும், மூன்று பெரிய பொதிகளை வாங்கினாலும் கிடைப்பது 405 ரூபிதான், அதாவது 210 டாலர் செலவழித்த பிறகும் கணக்கு முடியாது. விளையாட விளையாடச் சிறுகச் சிறுக ரூபி இலவசமாகவும் கிடைக்கும் என்பதையும், முதல் முறையிலேயே அதிர்ஷ்டம் அடிக்கலாம் என்பதையும் நியாயமாகச் சொல்லிவிட வேண்டும். ஆனால் பத்து முறை வெடித்தாலும் அந்த ஓட்டுநர் கிடைக்கும் வாய்ப்பு நூற்றுக்குப் பத்துதான்.

அலங்காரத்துக்குத்தானே, கிடைக்காவிட்டால் என்ன என்று கேட்கலாம். அலங்காரமாக மட்டும் இருந்திருந்தால் நானும் இவ்வளவு வருந்தியிருக்க மாட்டேன். ஒவ்வொரு ஓடுதளத்திலும் குறிப்பிட்ட சில ஓட்டுநர்களுக்கு மட்டும் ஒரே நேரத்தில் மூன்று ஆயுதங்களை வைத்திருக்கும் சலுகை உண்டு, அதனால் அவர்களை வைத்திருப்பவரின் மதிப்பெண் ஏறும். இரண்டு வாரங்களுக்கு ஒருமுறை புதிய சுற்று வரும், சலுகை பெறுபவர்களும் மாறுவார்கள். ஆகவே சென்ற மாதம் பணம் கொடுத்துப் பெற்ற ஓட்டுநர் இந்த மாதம் அதே அளவுக்கு உதவுவார் என்று நம்ப முடியாது. இதோடு கோல்டு பாஸ் என்ற மாதச் சந்தா வேறு, அதன் விலை 4.99 டாலர், மிக வேகமான 200 சிசி பந்தயம் தொடக்கத்தில் அந்தச் சந்தாவுக்குள்தான் பூட்டப்பட்டிருந்தது. மாரியோ கார்ட் டூர் வெளிவந்த அதே மாதம்தான் ஆப்பிள் ஆர்கேட் என்ற சந்தா சேவையும் தொடங்கியது. அதே 4.99 டாலருக்கு அதில் ரேஸ் கேம் உட்பட ஏராளமான கேம்கள் கிடைத்தன, எதற்குள்ளும் கூடுதலாக விற்பனை இல்லை.

நின்டெண்டோ போன்ற நிறுவனம் ஏன் இந்த வழிக்கு வந்தது என்பதற்கும், ஒரே விலை வைத்து ஏன் விற்பதில்லை என்ற உங்கள் கேள்விக்கும் தொடர்பு இருப்பதாக நான் நினைக்கிறேன். 2016 டிசம்பரில் அவர்கள் சூப்பர் மாரியோ ரன் என்ற கேமை, முதல் சில கட்டங்களை இலவசமாகக் காட்டிவிட்டு, மீதி முழுவதற்கும் 9.99 டாலர் என்று நீங்கள் ஆசைப்படும் அதே முறையில்தான் விற்றார்கள். அது 20 கோடி முறை பதிவிறக்கப்பட்டும், எதிர்பார்த்த லாபத்தை இன்னும் எட்டவில்லை என்று அடுத்த ஆண்டு அந்த நிறுவனமே சொன்னது. ஒரே விலை என்றால் பெரும்பாலானோர் விலகிப் போகிறார்கள், இலவசம் என்றால் அனைவரும் உள்ளே வருகிறார்கள், வந்தவர்களில் ஒரு சிறு பகுதியினர் கொடுக்கும் பெருந்தொகையில் மற்றவர்களின் விளையாட்டும் நடக்கிறது. கேம் செய்பவர்களுக்கும் சம்பளம் வேண்டும் என்பதை நான் மறுக்கவில்லை. அந்தப் பணத்தை எதற்காக வாங்குகிறார்கள் என்பதில்தான் எனக்கு ஆட்சேபம் இருக்கிறது.

அதிர்ஷ்டத்தை விற்பதற்கு எதிர்ப்பு இல்லாமலும் இல்லை. பெல்ஜியத்தின் சூதாட்ட ஆணையம் 2018-இல், உள்ளே என்ன இருக்கும் என்று தெரியாமல் பணம் கொடுத்துத் திறக்கும் லூட் பாக்ஸ் என்னும் பெட்டிகள் அந்நாட்டுச் சட்டப்படி சூதாட்டமே என்ற முடிவுக்கு வந்தது, அதனால் மாரியோ கார்ட் டூர் வெளிவந்தபோது அங்கே கிடைக்கவில்லை. ஆப் ஸ்டோரில் 2017 டிசம்பர் முதல், இப்படி விற்பவர்கள் எதற்கு எவ்வளவு வாய்ப்பு என்பதை வாங்குவதற்கு முன்பே காட்டியாக வேண்டும், ப்ளே ஸ்டோரும் 2019-இல் அதே விதியைக் கொண்டுவந்தது. கடைசியில் 2022 அக்டோபரில் மாரியோ கார்ட் டூரிலிருந்தே ரூபி கொடுத்து வெடிக்கும் குழாயை எடுத்துவிட்டு, எந்த ஓட்டுநர் எத்தனை ரூபி என்று விலை போட்ட கடையை வைத்தார்கள். விலை குறைந்ததோ இல்லையோ, எதற்குக் கொடுக்கிறோம் என்பது தெரிந்தது. அந்த ஒரு மாற்றத்தை மனதார வரவேற்கிறேன்.

இப்போது உங்கள் கேமுக்கு வருகிறேன். முன்பதிவுப் பக்கத்தில் ஒரு பொருளின் விலை எவ்வளவிலிருந்து எவ்வளவு வரை என்று போட்டிருந்தால், கீழே உள்ள சிறிய தொகையை விட்டுவிட்டு மேலே உள்ள பெரிய தொகையைப் பாருங்கள், தம்பி. பல ஆயிரம் ரூபாய்க்கு ஒரு பொதி இருக்கிறது என்றால், அதை வாங்கும் அளவுக்கு ஒருவரை இழுக்கும் ஏதோ ஒன்று கேமுக்குள் இருக்கிறது என்று பொருள். அது நேராக ஒரு காரா, கார் முழுமையாகத் திறக்கச் சேர்க்க வேண்டிய ப்ளூபிரிண்ட் அட்டைகள் அடங்கிய பெட்டியா, காத்திருப்பைப் போக்கும் காசா என்பது வெளிவந்த பிறகே தெரியும். ப்ளூபிரிண்ட் முறையில் ஒரு காரைத் திறந்த பிறகும் அதன் நட்சத்திரங்களை உயர்த்த மேலும் அட்டைகள் வேண்டியிருக்கும் என்பதை நினைவில் வையுங்கள், ஆஸ்பால்ட் 9 என்ற ரேஸ் கேமை விளையாடியவர்களுக்கு இது நன்றாகத் தெரியும்.

பொதியின் கணக்கையும் கவனியுங்கள். நீங்கள் விரும்பும் கார் 120 காசு என்றும், விற்கும் பொதி 100 காசு என்றும் இருந்தால், இரண்டு பொதி வாங்கி 80 காசு மிச்சமாகக் கிடக்கும், அந்த மிச்சம் அடுத்த பொதியை வாங்க வைக்கும். வாங்கும் முன் காசை ரூபாயாக மாற்றி ஒரு தாளில் எழுதிப் பாருங்கள்.

உங்கள் தம்பியின் விஷயம் இதைவிட அவசரம். ப்ளே ஸ்டோர் அமைப்பில், வாங்கும் ஒவ்வொரு முறையும் கடவுச்சொல் கேட்கும்படி வையுங்கள், கார்டு விவரத்தை அந்த போனில் சேமிக்காதீர்கள். யூபிஐ என்றால் பின் எண் கேட்கும், ஆனால் கிஃப்ட் கார்டு மூலம் ப்ளே கணக்கில் ஏற்றி வைத்த தொகைக்கு அந்தத் தடை கிடையாது. குழந்தைகள் பெற்றோருக்குத் தெரியாமல் வாங்கியவற்றுக்காக 2014-இல் அமெரிக்காவின் எஃப்டிசி என்ற வணிக ஆணையத்துடன் செய்துகொண்ட உடன்பாட்டில் ஆப்பிள் குறைந்தது 3.25 கோடி டாலரும் கூகுள் 1.9 கோடி டாலரும் திருப்பித் தர ஒப்புக்கொள்ள வேண்டியிருந்தது, ஆகவே இது உங்கள் வீட்டில் மட்டும் வரும் பயமல்ல. தவறுதலாக வாங்கிவிட்டால் 48 மணி நேரத்துக்குள் ப்ளே ஸ்டோரிலேயே பணத்தைத் திருப்பிக் கேளுங்கள், நாள் கடந்தால் கேம் நிறுவனத்திடம் கெஞ்ச வேண்டியிருக்கும். இலவச சோதனைக் காலம் என்று சந்தாவில் சேர்ந்தால், கேமை போனிலிருந்து நீக்குவதால் சந்தா நிற்காது, ப்ளே ஸ்டோரின் சந்தாப் பகுதிக்குள் போய் ரத்து செய்ய வேண்டும். நம் நாட்டில் பணம் பிடிப்பதற்கு 24 மணி நேரம் முன்பே வங்கியிலிருந்து தகவல் வர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி, அந்தக் குறுஞ்செய்தியைப் படிக்காமல் அழித்துவிடாதீர்கள்.

ஒரே விலையில் முழு கேம் வேண்டும் என்ற உங்கள் ஆசைக்கும் இடம் இருக்கிறது. 2014-இல் கணினிக்கு வந்த கிரிட் ஆட்டோஸ்போர்ட் கேமை ஃபெரல் இன்டராக்டிவ் நிறுவனம் 2017-இல் ஐபோனுக்கும் 2019-இல் ஆண்ட்ராய்டுக்கும் கொண்டுவந்தது, கணினிப் பதிப்பில் தனியே விற்ற கூடுதல் கார்களும் ஓடுதளங்களும் அந்த ஒரே விலைக்குள் அடங்கிவிட்டன. புதிய கேமுக்கு இப்போது முன்பதிவு செய்வதில் தவறில்லை, இலவச கேமின் முன்பதிவுக்குக் காசு பிடிப்பதில்லை. வெளிவந்த அன்று பந்தயத்தைத் தொடங்கும் முன் கடைப் பக்கத்தைத் திறந்து பாருங்கள். கார்களுக்கு நேராக விலை இருந்தால் நிம்மதியாக விளையாடுங்கள். பெட்டிகளும் கடிகாரங்களும் நிறைந்திருந்தால், இரண்டு வாரம் ஒரு ரூபாயும் போடாமல் ஓட்டிப் பார்த்துவிட்டு, அதன் பிறகும் அந்த கேம் பிடித்திருக்கிறதா என்று எனக்கு எழுதுங்கள்.