ஆடு கட்டிய ஊர்

நேயர்களுக்கு வணக்கம்.

மத்திய இத்தாலியில், அப்ருஸ்ஸோ மலைநாட்டில், சுமார் 1,250 மீட்டர் உயரத்தில் சாண்டோ ஸ்டெஃபானோ டி செஸ்ஸானியோ என்றொரு சிற்றூர் இருக்கிறது. குடியிருப்பவர்கள் நூற்றுச் சொச்சம் பேர்தான். ஊர் வாசல் வளைவுக்கு மேலே ஒரு கேடயம் செதுக்கியிருக்கிறார்கள். அதில் உருண்டை உருண்டையாகக் கற்பந்துகள். ஃபிளாரன்ஸ் நகரை ஆண்ட மெடிசி குடும்பத்தின் சின்னம் அது. அவ்வளவு பெரிய வீட்டுக்காரர்களுக்கு இந்த மலைமேல் என்ன வேலை?

எல்லாம் கம்பளிக்காகத்தான். 1579 இல் ஊர் அவர்கள் கைக்கு வந்தது. கோடையில் ஆடுகள் மேலே கிரான் சாஸ்ஸோ மலைப் புல்வெளியில் மேயும். பனி விழுமுன் மந்தையைத் தெற்கே புல்யா சமவெளிக்கு ஓட்டிப் போவார்கள். பக்கத்து நகரமான லாக்விலாவிலிருந்து புல்யாவின் ஃபோஜ்ஜியா நகர் வரை 244 கிலோமீட்டர் நடை. அந்த ஆட்டுப்பாதையின் அகலம் மட்டும் 111 மீட்டர் என்றால், எத்தனை ஆடுகள் போயிருக்க வேண்டும் பாருங்கள்!

நான் போனது செப்டம்பர் கடைசியில். சந்துகள் ஏறி இறங்கி, சில இடங்களில் வீடுகளுக்கு அடியிலேயே நுழைந்து போகின்றன. தலைக்கு மேலே கல் வளைவு, அதற்கு மேலே யாரோ குடியிருந்த அறை. பனிக்காலத்தில் நனையாமல் நடக்க இது நல்ல ஏற்பாடு. ஆளில்லாமல் கிடந்த சில பழைய வீடுகளைச் சீர்செய்து, ஊர் முழுக்க விரவிய தங்கும் அறைகளாக்கியிருக்கிறார்கள். எனக்குக் கிடைத்த அறையின் சுவர் கன்னங்கரேல் என்றிருந்தது. விரலால் தடவினேன். ஒட்டவில்லை, வழுவழுப்பாக இருந்தது. தலைமுறை தலைமுறையாகப் படிந்த அடுப்புப் புகை. சுண்ணாம்பு பூசி மறைக்காமல் விட்டவர்களைக் கையெடுத்துக் கும்பிடலாம்.

சரி, இதெல்லாம் எப்படி மாறாமல் மிஞ்சியது? 1865 இல் வந்த ஒரு சட்டம் புல்யாவின் மேய்ச்சல் நிலங்களைத் தனியார் உழவுக்குத் திறந்துவிட்டது. மந்தைகள் குறைந்தன. பிழைப்புத் தேடி ஜனங்கள் வெளிநாடுகளுக்குக் கிளம்பினார்கள். பழைய வீட்டை இடித்துப் புதிது கட்ட ஊரில் ஆளும் இல்லை, காசும் இல்லை. நாம் ரசித்துப் பார்க்கிற அழகுக்குப் பின்னால் அத்தனை பேரின் பிரிவு இருக்கிறது. அந்தச் சந்துகளில் நடக்கும்போது எனக்கு அது உறுத்திக்கொண்டே இருந்தது.

2009 ஏப்ரல் 6 அதிகாலை 3.32 மணிக்கு லாக்விலா வட்டாரத்தில் நிலம் அதிர்ந்தது. 309 பேர் இறந்தார்கள். இந்த ஊர் உச்சியில் நின்ற வட்டக் கோபுரமும் சரிந்தது. அப்புறம் பல வருஷம் அந்த இடத்தில், கோபுரத்தின் உருவத்திலேயே இரும்புக் குழாய்ச் சாரம் நின்றது. வெறும் மலையைப் பார்க்க ஊருக்கு மனம் வரவில்லை என்றுதான் நான் புரிந்துகொள்கிறேன். 2021 இல் மறுபடியும் கல்லாலேயே எழுப்பிவிட்டார்கள்.

மதியச் சாப்பாட்டுக்குப் பருப்புச் சாறு. இந்த மலையில் விளைகிற பருப்புக்குத் தனிப் புகழ் உண்டு. தோலோடு இருக்கும் மைசூர் பருப்பைவிடவும் பொடிசு, நல்ல கருமை. பூண்டு, பிரியாணி இலை, உப்பு, ஆலிவ் எண்ணெய், ஓரத்தில் வாட்டிய ரொட்டித் துண்டு. வேறொன்றும் இல்லை. எவ்வளவு நேரம் ஊற வைப்பீர்கள் என்று பரிமாறிய அம்மாவைக் கேட்டேன். ஊறவே வேண்டாம் என்று கையசைத்தார். பிறகு ஜன்னலைத் திறந்து, அறுவடை முடிந்து வெறுமையாகக் கிடந்த சின்னச் சின்ன வயல்களைக் காட்டி, அதில் மூன்றாவது தன்னுடையது என்றார்.