தொட்டியில் மிஞ்சும் நீர்

அவையோர்க்கு வணக்கம். நீரில் மின்சாரம் பாய்ச்சினால் எல்லோர் கண்ணும் மேலெழும் குமிழிகளில்தான் நிற்கும். நான் பேச வந்தது தொட்டியில் மிஞ்சுகிற நீரைப் பற்றி.

இயற்கை நீரில் ஏறத்தாழ 6,400 ஹைட்ரஜன் அணுக்களில் ஒன்றுதான் டியூட்டீரியம். சாதாரண ஹைட்ரஜனைப் போல இரு மடங்கு நிறை கொண்டது. ஆக்சிஜனிடமிருந்து அதைப் பிரிக்கக் கூடுதல் ஆற்றல் வேண்டும். ஆகவே எதிர்மின்வாயில் இலேசான ஹைட்ரஜன் முந்திக்கொண்டு வாயுவாகிறது. கனமானது நீரிலேயே தங்குகிறது. நெடுநாள் ஓடிய மின்பகுப்புத் தொட்டிகளின் நீரில் டியூட்டீரியம் கூடியிருப்பதை 1932இல் அமெரிக்க வேதியியலாளர்கள் வாஷ்பர்னும் யூரேயும் காட்டினார்கள். மறு ஆண்டே இன்னொரு அமெரிக்க வேதியியலாளர் ஜி. என். லூயிஸ் ஏறக்குறையத் தூய கனநீரை, அதாவது ஹைட்ரஜனுக்குப் பதில் டியூட்டீரியம் கொண்ட நீரை, பிரித்தெடுத்துவிட்டார்.

இதைச் சல்லடை என்று எண்ணிவிடாதீர்கள். கனமான அணுவும் வெளியேறத்தான் செய்கிறது, மெதுவாக. இலேசான ஹைட்ரஜன் கனமானதைவிட எத்தனை மடங்கு எளிதாக வெளியேறுகிறது என்பதைச் சொல்லும் எண்தான் பிரிப்புக் காரணி. அது 5 என்று வைத்துக்கொள்வோம். 32 லிட்டர் நீரை ஒரு லிட்டராகக் குறைத்தால், முதலில் இருந்த டியூட்டீரியத்தில் சரிபாதி வாயுவோடு போய்விட்டிருக்கும். செறிவு 16 மடங்கு உயர்ந்திருக்கும். அதாவது 400 அணுக்களில் ஒன்று, அவ்வளவுதான்! 31 லிட்டரைச் சிதைத்த மின்சாரத்துக்குக் கிடைத்த பலன் இது.

அதனால்தான் கனநீருக்காக மட்டும் இம்முறையைத் தொடக்கத்திலிருந்தே கையாள்வது வீண்செலவு என்பேன். நார்வேயின் வெமோர்க்கில் 1934இல் உற்பத்தி தொடங்க முடிந்ததற்குக் காரணம், உரத்துக்கான ஹைட்ரஜனை அங்கே ஏற்கெனவே பெருமளவில் நீர்மின்சாரத்தால் தயாரித்துக்கொண்டிருந்ததுதான். அங்கும் நீரைக் கட்டம் கட்டமாகச் செறிவாக்கினார்கள்; பிந்தைய கட்டங்களின் வாயுவை வீணாக்கவில்லை. டியூட்டீரியம் செறிந்த அந்த வாயுவை எரித்து, நீராக்கி, முந்தைய கட்டத்துக்கே திருப்பி அனுப்பினார்கள்.

இந்த முறை இன்றும் மிக அழகாகப் பயன்படுவது டிரிட்டியத்தை அளப்பதில்தான் என்பது என் எண்ணம். 12.3 ஆண்டு அரை ஆயுள் கொண்ட, டியூட்டீரியத்தைவிடவும் கனமான இந்தக் கதிரியக்க ஹைட்ரஜன் வகை, நிலத்தடி நீர் அண்மைக் காலத்து மழையால் ஊறியதா என்று சொல்லிவிடும். ஆனால் அது இருக்கும் அளவு மிகச் சொற்பம். நேரடியாக எண்ணுவது கடினம். எனவே சில நூறு மில்லிலிட்டர் நீரைக் குளிரூட்டிய கலங்களில், ஆவியாதல் இழப்பு குறைவாக இருக்கும்படி, நாள்கணக்கில் மின்னாற்பகுத்து, பத்திருபது மில்லிலிட்டராகச் சுருக்குகிறார்கள். மின்வாயின் மேற்பரப்பு சற்று மாறினாலும் பிரிப்புக் காரணி மாறிவிடும். ஆகையால் ஒவ்வொரு முறையும், டிரிட்டியத்தின் அளவு முன்பே தெரிந்த நீரையும் பக்கத்துக் கலங்களில் சேர்த்தே ஓட்டுகிறார்கள்.