முன்வசனமும் பின்வசனமும்

(தலைப்பு: விசுவாச ஓட்டத்தில் சோர்ந்துபோனவரைப் பெரிதும் தாங்கி நிறுத்துவது தனி வசனமா, முழு வேதப்பகுதியா? "முழு வேதப்பகுதியே" அணியின் இரண்டாம் உரை.)

நடுவர் ஐயா அவர்களே, எங்கள் அணியினரே, எதிரணியில் கைநிறைய வசன அட்டைகளோடு அமர்ந்திருக்கும் அன்புச் சகோதர சகோதரிகளே, சபையோரே, எல்லாருக்கும் ஸ்தோத்திரம்.

எனக்கு முன் பேசிய சகோதரி ஒரு கேள்வி கேட்டுக் கைதட்டல் வாங்கினார். "ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடப்பவருக்கு அதிகாரம் அதிகாரமாக வாசிக்கத் தெம்பு இருக்குமா? ஒரு வசனம் போதாதா?" நியாயமான கேள்வி ஐயா. அதற்குப் பதில் சொல்லாமல் நான் உட்காரமாட்டேன். ஆனால் அந்தக் கட்டில்வரை போய்ச் சேருகிற வசனங்கள் எவை என்று முதலில் பார்த்துவிடுவோம்.

"உம்முடைய துவக்கம் அற்பமாயிருந்தாலும், உம்முடைய முடிவு சம்பூரணமாயிருக்கும்." யோபு 8:7. சுவரில் தொங்குகிறது, வாழ்த்து அட்டையில் இருக்கிறது, கைப்பேசியில் காலையில் நாலு பேரிடமிருந்து வருகிறது. இதைச் சொன்னவர் யார்? கர்த்தர் அல்ல. யோபும் அல்ல. யோபைப் பார்க்க வந்த நண்பர்களில் ஒருவர், சூகியனான பில்தாத். அதற்கு மூன்று வசனங்களுக்கு முன்னால், 8:4இல், பத்துப் பிள்ளைகளையும் ஒரே நாளில் பறிகொடுத்த தகப்பனிடம் அவர் என்ன பேசுகிறார்? பிள்ளைகள் செய்த பாவத்துக்குத்தான் இந்தக் கதி என்கிற தொனியில் பேசுகிறார். கடைசியில் கர்த்தர், இந்த நண்பர்கள் தம்மைக்குறித்து நிதானமாய்ப் பேசவில்லை என்று 42:7இல் கோபப்படுகிறார். யோபின் பின்னிலைமை ஆசீர்வதிக்கப்பட்டது உண்மை, மறுக்கவில்லை. ஆனால் பில்தாத் போட்ட கணக்கின்படி அது வரவில்லை. பிள்ளையை இழந்த ஒரு தாய்க்கு இந்த வசனத்தை அனுப்புகிறோம். ஆறுதலாக எதையாவது தேடி அந்தத் தாய் வேதத்தைத் திறந்து 8ஆம் அதிகாரத்தை முழுவதுமாக வாசித்துவிட்டால்? அனுப்பினவர் அன்றைக்கு அந்த அதிகாரத்தை வாசித்திருக்கவில்லை. அவ்வளவுதான் கோளாறு.

சரி, பில்தாத்தை விடுங்கள். கர்த்தரே சொன்ன வசனத்துக்கு வருகிறேன். எரேமியா 29:11. "நான் உங்கள்பேரில் நினைத்திருக்கிற நினைவுகளை அறிவேன்... அவைகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே." எதிரணியின் முதல் பேச்சாளர் இதைத்தான் கையில் பிடித்துக்கொண்டு பேசினார். இது ஒரு கடிதத்தின் நடுவிலிருந்து எடுத்தது. கி.மு. 597இல் பாபிலோனுக்குச் சிறைபிடித்துக் கொண்டுபோகப்பட்டவர்களுக்கு எரேமியா தீர்க்கதரிசி எழுதிய கடிதம். முந்தின வசனம், 29:10, காலக்கெடுவைச் சொல்கிறது: எழுபது வருஷம். 29:5 என்ன சொல்கிறது? வீடுகளைக் கட்டுங்கள், தோட்டம் போடுங்கள். அதாவது, மூட்டையைக் கட்டிவைத்துக்கொண்டு வாசலில் உட்காராதீர்கள்.

அதற்கு முந்தின அதிகாரத்தையும் சேர்த்து வாசிக்கவேண்டும் ஐயா, விஷயமே அங்கேதான் இருக்கிறது. 28ஆம் அதிகாரத்தில் அனனியா என்கிற பொய்த் தீர்க்கதரிசி தேவாலயத்தில், ஜனங்களுக்கு முன்னால் நின்று, "இரண்டு வருஷத்தில் எல்லாம் திரும்பி வந்துவிடும்" என்கிறான். அவன் பேசியது ஐந்தாம் மாதம். செத்தது அதே வருஷம் ஏழாம் மாதம். இப்போது சொல்லுங்கள். 29:11ஐ மட்டும் கிழித்து எடுத்துக்கொண்டு போகிறவர் மனதில் எந்தக் காலக்கெடுவை எழுதிக்கொள்கிறார்? எழுபதையா, இரண்டையா? வேலை போனவர், வழக்கில் சிக்கினவர், குழந்தைக்காகக் காத்திருக்கிறவர் எல்லாருமே தங்களை அறியாமல் இரண்டு என்றுதான் எழுதிக்கொள்கிறார்கள். இரண்டு வருஷம் முடிந்து மூன்றாவது பிறக்கும்போது, "தேவன் சொன்னார், செய்யவில்லை" என்று சபைக்கு வருவதை நிறுத்துகிறார்கள். தேவன் அப்படிச் சொல்லவே இல்லை. அவர்களை ஏமாற்றியது எரேமியாவின் வசனமல்ல, அனனியாவின் காலக்கெடு. பத்தாம் வசனத்தோடு சேர்த்துப் பதினோராம் வசனத்தைப் பிடித்தவர் மூன்றாவது வருஷத்திலும் தோட்டத்துக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருப்பார்.

பிலிப்பியர் 4:13ஐப் பற்றி அதிகம் பேசவேண்டியதில்லை. "எல்லாவற்றையுஞ்செய்ய எனக்குப் பெலனுண்டு" என்பதில் அந்த 'எல்லாம்' எது என்று 12ஆம் வசனம் சொல்கிறது. தாழ்ந்திருக்கவும் வாழ்ந்திருக்கவும், திருப்தியாயிருக்கவும் பட்டினியாயிருக்கவும், பரிபூரணமடையவும் குறைவுபடவும். பரீட்சையில் முதலிடம் வாங்குவது அந்தப் பட்டியலில் இல்லை.

இனி நான் கொஞ்சம் நின்று பேச விரும்புகிற இடம், புலம்பல் மூன்றாம் அதிகாரம். "அவைகள் காலைதோறும் புதியவைகள், உமது உண்மை பெரிதாயிருக்கிறது." 3:23. 'அவைகள்' என்றால் கர்த்தருடைய இரக்கங்கள். சோர்ந்துபோனவருக்கு இதைவிட நல்ல வசனம் உண்டா என்று எதிரணி கேட்டது. இல்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அது எங்கே இருக்கிறது என்று பாருங்கள். எருசலேம் கி.மு. 586இல் எரிந்து விழுந்ததற்கான ஒப்பாரி அந்தப் புத்தகம். ஐந்து அதிகாரம். எபிரெய எழுத்து 22 என்பதால் 1, 2, 4, 5ஆம் அதிகாரங்களில் 22 வசனங்கள். மூன்றாவதில் எழுத்துக்கு மூன்றாக 66. முதல் நான்கு அதிகாரங்களும் அகரவரிசையில் கட்டப்பட்டவை. அழுகையைக்கூட வரிசை தவறாமல், ஒன்றையும் விடாமல் அழுகிறார்கள்.

அந்த 66இல் 18ஆம் வசனம்: என் பெலனும் போயிற்று, கர்த்தருக்குக் காத்திருந்த காத்திருப்பும் அழிந்துபோயிற்று என்கிறார். நாலே வசனம் தாண்டி, 22இல், "நாம் நிர்மூலமாகாதிருக்கிறது கர்த்தருடைய கிருபையே." நடுவில் நிலைமை ஏதாவது மாறியதா? நகரம் எரிந்தபடியேதான் கிடக்கிறது. மாறியது ஒன்றுதான், 21ஆம் வசனம்: "இதை என் மனதிலே வைத்து, நம்பிக்கை கொண்டிருப்பேன்." நம்பிக்கை தானாக ஊறி வரவில்லை, ஒன்றைப் பிடித்து மனதிலே வைக்கிற வேலை அங்கே நடக்கிறது. சரி, 23க்குப் பிறகு அழுகை நின்றுவிட்டதா? 44க்குப் போனால், ஜெபம் உள்ளே வராதபடி நீர் மேகத்தால் உம்மை மூடிக்கொண்டீர் என்று கர்த்தரிடமே முறையிடுகிறார். நான்காம் அதிகாரத்தில் பசி. ஐந்தாம் அதிகாரம் பதில் இல்லாத ஒரு கேள்வியோடு முடிகிறது.

இது ஏன் முக்கியம்? காலையில் 3:23ஐ வாசித்துத் தேறின ஒருவருக்குச் சாயங்காலம் மறுபடியும் நெஞ்சு அடைக்கும். தனி வசனத்தை மட்டும் வைத்திருப்பவர், "எனக்கு விசுவாசம் இல்லை, இருந்திருந்தால் இந்த வசனம் வேலை செய்திருக்குமே" என்று தன்னையே குற்றவாளியாக்கிக்கொள்வார். பழைய துக்கத்தோடு புதிய குற்ற உணர்ச்சியும் சேர்ந்துகொள்ளும். அதிகாரம் முழுவதையும் அறிந்தவருக்கோ, 23க்குப் பின் 44 வரும் என்று முன்கூட்டியே தெரியும். 44இல் நிற்கும்போதும் தான் வேதத்துக்கு வெளியே விழுந்துவிடவில்லை என்று தெரியும். ஓட்டத்தை விடாமல் இருப்பதற்கு இந்த அறிவு வேண்டும் ஐயா.

அடுத்து, எதிரணியின் பெரிய ஆயுதம். "வனாந்தரத்தில் இயேசுவே தனி வசனம் சொல்லித்தானே சாத்தானை ஜெயித்தார்?" மத்தேயு 4. எடுத்துப் பார்ப்போம். அவர் சொன்ன மூன்று பதில்களும் உபாகமம் 8:3, 6:16, 6:13. மூன்றும் மூன்று அதிகாரங்களுக்குள் அடங்கிவிடுகின்றன. அது இஸ்ரவேல் நாற்பது வருஷம் வனாந்தரத்தில் பசியிலும் சோதனையிலும் நடந்ததை நினைவுபடுத்துகிற பகுதி. நாற்பது நாள் வனாந்தரத்தில் பசியோடிருந்தவர் அந்தப் பகுதியிலிருந்தே பேசினார் என்றால், பகுதி முழுவதும் உள்ளே இருந்தது என்று அர்த்தம். அன்றைக்கு ஒருவர் சங்கீதம் 91இலிருந்து ஒரு துண்டை மட்டும் கொண்டுவந்தார். தூதர்களுக்குக் கட்டளையிடுவார் என்பதைச் சொன்னார். அதே வசனத்திலுள்ள "உன் வழிகளிலெல்லாம்" என்பதை விட்டுவிட்டார். சர்ப்பத்தை மிதிக்கிற 13ஆம் வசனத்துக்கு முன்பாகவே நிறுத்திக்கொண்டார். அந்த ஒருவர் யார் என்று நான் சொல்லவேண்டியதில்லை. எதிரணியினர் முகத்தைப் பார்த்தால் அவர்களுக்கே தெரிந்துவிட்டது போலிருக்கிறது.

இன்னொரு பேச்சாளர் கேலி செய்தார். "முழு வேதம், முழு வேதம் என்று ஆரம்பிப்பவர்கள் எல்லாம் லேவியராகமத்தில் காணாமல் போகிறார்கள்." கணக்கு சரிதான். வேதத்தில் 1,189 அதிகாரங்கள். தினம் மூன்று வாசித்தால் ஆதியாகமம் 50, யாத்திராகமம் 40, இரண்டும் முப்பது நாளில் முடியும். முப்பத்தோராம் நாள் காலையில் லேவியராகமம், சர்வாங்க தகனபலி முறைகள். அங்கேதான் சறுக்கல். நாலு நாள் விட்டுப்போனால் பன்னிரண்டு அதிகாரம் பாக்கி, ஐந்தாம் நாள் மொத்தம் பதினைந்து. அந்தக் கடனைப் பார்த்தே புத்தகத்தை மூடிவிடுகிறார்கள். கோளாறு லேவியராகமத்தில் இல்லை, தேதி போட்ட அட்டவணையில் இருக்கிறது. தேதியைக் கிழித்துவிட்டு, விட்ட இடத்தில் ஒரு நூலிழையை வையுங்கள். விட்ட நாள் விட்ட நாள்தான், வசூலிக்காதீர்கள். அதோடு, எங்கள் அணி வருடாந்தர வாசிப்புக்காக வாதாட வரவில்லை. பகுதி என்றால் ஒரு சங்கீதம், ஒரு நிருபம், அதாவது ஒரு கடிதம். பிலிப்பியர் மொத்தமே 104 வசனங்கள். வாய்விட்டு வாசித்தாலும் இருபது நிமிடத்துக்குள் முடிந்துவிடும். கொலோசெயர் 4:16ஐப் பாருங்கள், இந்த நிருபம் சபையில் வாசிக்கப்படட்டும் என்றுதான் பவுல் எழுதுகிறார். புதிய ஏற்பாட்டுக்கு இன்று நாம் பயன்படுத்தும் வசன எண்களே 1551இல்தான் அச்சில் வந்தன. அதுவரை துண்டு போடுவதற்கு இவ்வளவு வசதி இல்லை.

இப்போது ஆஸ்பத்திரிக் கட்டிலுக்கு வருகிறேன் சகோதரி. கட்டிலில் அதிகாரம் வாசிக்க முடியாது, உண்மை. அதனால்தான் கட்டிலுக்குப் போகுமுன் பகுதியை உள்ளே வைக்கவேண்டும் என்கிறோம். ஐந்திலிருந்து ஒன்பது வசனம் உள்ள ஒரு பகுதியை எடுங்கள். ஏசாயா 40:27 முதல் 31 வரை ஐந்து, சங்கீதம் 13 ஆறு, புலம்பல் 3:18 முதல் 24 வரை ஏழு, ரோமர் 8:31 முதல் 39 வரை ஒன்பது. முதலில் யார், யாரிடம், எந்த நிலைமையில் பேசுகிறார் என்று ஒரு வரி எழுதுங்கள். எழுத முடியவில்லை என்றால் இன்னும் பின்னால் போய் வாசிக்கவேண்டும். பிறகு நாளுக்கு ஒரு வசனம், ஆனால் ஒவ்வொரு நாளும் முதல் வசனத்திலிருந்து தொடங்கி அன்றைய வசனம்வரை வாய்விட்டு. இரவில் பார்த்து, காலையில் பார்க்காமல். பெரும்பாலும் தடுக்குவது வசனத்துக்குள் அல்ல, ஒரு வசனம் முடிந்து அடுத்தது தொடங்கும் இடத்தில். ஆகவே முந்தின வசனத்தின் கடைசிச் சொற்களையும் அடுத்ததன் முதல் சொற்களையும் ஒட்டிப் பத்துத் தடவை சொல்லிவிடுங்கள். முடிந்ததும் ஒரு மாதம் வாரத்துக்கு ஒருமுறை, அதற்குப் பிறகு மாதத்துக்கு ஒருமுறை. இப்படி வைத்திருப்பவர் கட்டிலில் கிடக்கும்போது யாராவது "கழுகுகளைப்போல" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், "என் வழி கர்த்தருக்கு மறைவாயிற்று" என்று யாக்கோபின் ஜனமான இஸ்ரவேல் முறையிட்ட 27ஆம் வசனமும் கூடவே எழுந்து வரும். அவருக்கு அப்போது 31ஐவிட 27தான் அதிகம் தேவைப்படலாம்.

பார்க்கப் போகிறவருக்கும் ஒரு வார்த்தை. எலியா தீர்க்கதரிசி சூரைச்செடியின் கீழ் விழுந்து, "போதும் கர்த்தாவே" என்று சாவைக் கேட்டபோது, தூதன் வாக்குத்தத்தம் எதுவும் சொல்லவில்லை. "எழுந்திருந்து போஜனம்பண்ணு" என்றான். அடையும் தண்ணீரும், தூக்கம், மறுபடியும் அடை. 1 இராஜாக்கள் 19. தூக்கம் கெட்டு, சாப்பாடு இறங்காமல், சாவதைப் பற்றிப் பேசுகிறவரிடம் வசனத்தை மட்டும் கொடுத்துவிட்டுத் திரும்பாதீர்கள். சாப்பிடவையுங்கள், தனியே விடாதீர்கள், வைத்தியரிடம் கூட்டிப்போங்கள். துக்கத்தில் இருப்பவரிடம் அனுமதி கேட்டு, சங்கீதம் 13ஐ முழுவதுமாக, "எதுவரைக்கும்" என்கிற நாலு கேள்விகளோடும் வாசியுங்கள். விளக்கம் வேண்டாம். மனதுக்கமுள்ளவனிடம் பாட்டுப் பாடுவது எப்படிப்பட்டது என்று நீதிமொழிகள் 25:20 ஏற்கெனவே திட்டியிருக்கிறது.

யோசுவா முதல் அதிகாரத்தில் "பலங்கொண்டு திடமனதாயிரு" என்பது நாலு தடவை வருகிறது. 6, 7, 9ஆம் வசனங்களில் கர்த்தர் சொல்கிறார். நாலாவது, 18ஆம் வசனத்தில், ஜனங்கள் யோசுவாவிடம் சொல்கிறார்கள். ஒன்பதாம் வசனத்தை மட்டும் அட்டையில் வைத்திருப்பவருக்கு, அந்த வார்த்தை பக்கத்தில் நிற்கிறவர்கள் வாய்வழியாகவும் வரும் என்பது தெரியாமலே போகும். அவர் வீட்டில் தனியாக உட்கார்ந்து அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருப்பார்.

மணி அடித்துவிட்டது, நடுவர் ஐயா. அடுத்து எதிரணித் தலைவர் எழுந்திருக்கிறார். அவர் கையில் ரோமர் 8:28 இருப்பது இங்கிருந்தே தெரிகிறது, "சகலமும் நன்மைக்கு ஏதுவாக." தாராளமாக வாசிக்கட்டும். என் வேண்டுகோள் ஒன்றுதான். அவருக்கு இன்னும் ஒரு நிமிடம் கூடுதலாகக் கொடுங்கள். அந்த நன்மை என்னவென்று சொல்லுகிற 29ஆம் வசனத்தையும், "அடிக்கப்படும் ஆடுகள்" என்கிற 36ஆம் வசனத்தையும் அவர் வாயாலேயே வாசிக்கச் சொல்லுங்கள். வாசித்த பிறகும் அவர் எதிரணியிலேயே நின்றால், அதற்கு எங்கள் அணியின் மூன்றாம் பேச்சாளர் பதில் சொல்வார்.