மூன்றாம் ஆண்டில் யார் பாடம் எடுப்பார்?

(ஒரு ஞாயிறு, தமிழ்த் திருப்பலிக்குப் பிறகு பங்கு மண்டபத்தில் பெற்றோர்களிடமும் மாணவர்களிடமும் பேசியதன் எழுத்து வடிவம்)

எல்லாருக்கும் வணக்கம். ஃபாதர் எனக்கு இருபது நிமிடம் தந்திருக்கிறார். கீழே இட்லி ஆறிக்கொண்டிருப்பதும் தெரியும், அதனால் நேராக விஷயத்துக்கு வந்துவிடுகிறேன்.

நான் கல்வி ஆலோசகர் இல்லை. உயர்நிலைப் பள்ளியில் முப்பது வருடம் கணக்குச் சொல்லிக்கொடுத்தவன். மகளுக்காக வெளிநாட்டில் இரண்டு சிறிய கத்தோலிக்கப் பல்கலைக்கழகங்களை நேரில் போய்ப் பார்த்தவன். முதல் பயணத்தில் நன்றாக ஏமாந்தேன். அந்த ஏமாற்றத்தைப் பற்றித்தான் இன்றைக்குப் பெரும்பாலும் பேசப்போகிறேன்.

சிங்கப்பூரில் கத்தோலிக்கப் பள்ளிகளுக்குக் குறைவில்லை. செயின்ட் ஜோசப்ஸ் 1852இல் தொடங்கியது, கான்வென்ட் 1854இல். பல்கலைக்கழகத்துக்கு முந்தைய படிப்புக்கான கத்தோலிக்கத் தொடக்கக் கல்லூரிகூட 1975இல் வந்துவிட்டது. அதற்கு மேல் படிக்கட்டு இல்லை. இங்குள்ள ஆறு தன்னாட்சிப் பல்கலைக்கழகங்களில் ஒன்றும் திருச்சபை நடத்துவதல்ல. ஆகவே, "அப்படிப்பட்ட இடத்தில்தான் படிக்கணும்" என்று பிள்ளை சொன்னால் விமானம் ஏறத்தான் வேண்டும்.

ஏறுவதற்கு முன் நம் ஆட்கள் செய்யும் முதல் வேலை, உலகத் தரவரிசைப் பட்டியலைத் திறப்பது. சிறிய பல்கலைக்கழகம் அதில் இருக்காது. இருந்தாலும் எங்கேயோ கீழே கிடக்கும். இதில் ரகசியம் ஒன்றுமில்லை. அந்தப் பட்டியல்கள் ஆய்வுக் கட்டுரைகளையும் மேற்கோள்களையும் எண்ணுகின்றன. கலிஃபோர்னியாவில் தாமஸ் அக்குவைனஸ் கல்லூரி என்று ஒன்று உண்டு, 1971இல் தொடங்கியது. சில நூறு மாணவர்கள்தான். எல்லாருக்கும் ஒரே பாடத்திட்டம். 'மேஜர்' என்று தனிச் சிறப்புப் பாடம் கிடையாது, பாடநூலும் கிடையாது. மேசையைச் சுற்றி உட்கார்ந்து யூக்ளிடையும் அரிஸ்டாட்டிலையும் அவர்களுடைய நூல்களிலேயே படிக்கிறார்கள். இதை எந்தப் பட்டியலில், எந்த இடத்தில் வைப்பீர்கள்? சிட்னிக்கு மேற்கே துங்காபியில் இருக்கும் கம்பியன் கல்லூரியும் இந்த வகைதான். 2006இல் தொடங்கியது, வரலாறு, இலக்கியம், தத்துவம், இறையியல் நான்கையும் சேர்த்துப் படிக்க வேண்டும். (அந்தப் பக்கம் தமிழர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள், பிள்ளை இடியாப்பத்துக்கு ஏங்காது.) பட்டியலில் இல்லாததால் மட்டமும் இல்லை, உசத்தியும் இல்லை. போய்த்தான் பார்க்க வேண்டும்.

சரி, ஏமாந்த கதைக்கு வருகிறேன். பெயர் வேண்டாம். மகளுக்கு உயிர்வேதியியல் மேல் ஆசை. 'ஓப்பன் டே' என்று, வளாகத்தைச் சுற்றிப் பார்க்க எல்லாரையும் அழைத்திருந்தார்கள், குடும்பத்தோடு போனோம். சிற்றாலயத்தின் வண்ணக் கண்ணாடியைப் பார்த்ததுமே என் மனைவி முடிவெடுத்துவிட்டார். மகளுக்கு அங்கே இருந்த பேராசிரியர் ஒருவரைப் பிடித்துவிட்டது. முக்கால் மணி நேரம் நின்று பேசினார், அவள் பெயரைக் கேட்டு அந்தப் பெயரைச் சொல்லியே பேசினார். பெரிய பல்கலைக்கழகத்தில் நடக்குமா என்று நானும் பூரித்துப்போனேன். முன்பணம் கட்டினோம். இரண்டு மாதம் கழித்து ஒரு மின்னஞ்சல்: அந்தப் பேராசிரியர் வேறு இடத்துக்குப் போய்விட்டார். அவரோடு மூன்றாம் ஆண்டுப் பாடங்கள் மூன்றும் போய்விட்டன, "தற்போதைக்கு" நடத்தப்படாதாம். முன்பணம் திரும்ப வராது என்பதை அப்புறம்தான் சின்ன எழுத்தில் படித்தேன். கணக்கு வாத்தியாருக்கே இந்தக் கதி.

அவர்கள் பொய் சொல்லவில்லை. நான்தான் கேட்க வேண்டியதைக் கேட்கவில்லை. பெரிய பல்கலைக்கழகத்தில் ஒரு துறையில் ஐம்பது பேர் இருப்பார்கள், ஒருவர் போனால் தெரியாது. சிறிய இடத்தில் துறை என்பதே இரண்டு மூன்று பேர். பிள்ளையைப் பெயர் சொல்லிக் கூப்பிடும் நெருக்கம் எங்கிருந்து வருகிறதோ, ஆபத்தும் அங்கிருந்துதான் வருகிறது. ஆகவே முதல் கேள்வி இதுதான்: மூன்றாம் ஆண்டில் என் பிள்ளைக்கு யார் பாடம் எடுப்பார்? அவர் போய்விட்டால் யார்?

இதற்கு வாயால் சொல்லும் பதில் போதாது. பாடப்பிரிவுக் கையேட்டையும், கடந்த நான்கு பருவங்களின் உண்மையான கால அட்டவணையையும் கேட்டு வாங்குங்கள். கையேடு என்பது கோப்பிக்கடைச் சுவரில் தொங்கும் சாப்பாட்டுப் படங்கள் மாதிரி. நாற்பது வகை இருக்கும். கேட்டால், "அது இன்னைக்கு இல்லை" என்பார்கள். கையேட்டில் உள்ள பாடங்களில் எத்தனை அந்த இரண்டு ஆண்டில் உண்மையாகவே நடந்தன என்று பென்சிலால் டிக் போட்டுப் பாருங்கள். இரண்டாவது இடத்துக்குப் போவதற்கு முன் நான் அப்படித்தான் செய்தேன். அரை மணி நேர வேலை.

பையன்களைப் பெற்றவர்களுக்கு இதில் இன்னொரு சிக்கல். இடம் கிடைத்ததும், இங்கே பையன்களுக்குக் கட்டாயமான தேசிய சேவைக்குப் போவான், இரண்டு ஆண்டு கழித்துத்தான் வகுப்புக்குள் நுழைவான். நீங்கள் பார்த்த துறையும் அவன் சேரும் துறையும் ஒன்றாக இருக்குமா? இடத்தைக் காத்து வைப்போம் என்பதை எழுத்தில் வாங்குங்கள். அவன் சேவை முடிப்பதற்குச் சில மாதம் முன்பு அட்டவணையை மறுபடி கேளுங்கள்.

அடுத்து, கத்தோலிக்கம். சிற்றாலயம் அழகாக இருப்பதை வைத்து வேதியியல் துறையை எடைபோடக் கூடாது. இதில் எனக்கும் என் மனைவிக்கும் இன்றுவரை ஒத்துப்போகவில்லை, அவர் இங்கேதான் உட்கார்ந்திருக்கிறார். ஆனால் ஒரு பல்கலைக்கழகம் தன்னைக் கத்தோலிக்கம் என்று சொன்னால் அதற்கு ஒரு அர்த்தம் இருக்க வேண்டும். திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் 1990இல் கத்தோலிக்கப் பல்கலைக்கழகங்களுக்கென்று ஒரு திருத்தூதுச் சட்டமே வெளியிட்டார். ஆசிரியர்களில் கத்தோலிக்கர் அல்லாதவர்கள் பெரும்பான்மை ஆகிவிடக் கூடாது என்கிறது அது. அதே ஆவணம், அங்கே இருக்கும் ஒவ்வொருவருடைய மனச்சாட்சியின் சுதந்திரத்தையும் மதிக்கச் சொல்கிறது. இந்த இரண்டாவதைத்தான் நான் போகிற இடத்தில் தேடுவேன். இறையியல் பாடம் எத்தனை கட்டாயம், அதில் மாணவன் மறுத்துப் பேசலாமா, கத்தோலிக்கர் அல்லாத பிள்ளைக்கு அங்கே நண்பர்கள் இருக்கிறார்களா? நமக்கு இது புதிதல்ல. அப்துல் கலாம் 1954இல் இயற்பியல் பட்டம் பெற்றது திருச்சி செயின்ட் ஜோசப்ஸில், இயேசு சபையினர் நடத்தும் கல்லூரியில்தான். அவர் அங்கே முஸ்லிமாகவே நுழைந்தார், முஸ்லிமாகவே வெளியே வந்தார்.

பணத்தைப் பற்றிச் சுருக்கமாக. மசேநிதியின் (மத்திய சேமநிதி, நம் சம்பளத்திலிருந்து பிடிக்கும் கட்டாயச் சேமிப்பு) கல்விக் கடன் திட்டம் உள்ளூர்ப் படிப்புக்குத்தான், வெளிநாட்டுக்குத் தொட முடியாது. மருத்துவமோ சட்டமோ என்றால், இங்கே ஏற்கப்படும் பல்கலைக்கழகங்களின் பட்டியலை முதலில் பாருங்கள். அதில் இல்லையென்றால் விமானச் சீட்டே எடுக்காதீர்கள். அப்புறம், யாரும் கேட்கக் கூச்சப்படும் கேள்வி ஒன்று: இந்த இடம் நான்கு வருடம் தாங்குமா? அமெரிக்காவில் ஓக்லண்டில் ஹோலி நேம்ஸ் பல்கலைக்கழகம் 1868இலிருந்து இருந்தது, 2023இல் மூடினார்கள். பென்சில்வேனியாவில் கப்ரினி பல்கலைக்கழகம் 2024இல் மூடியது. இரண்டும் கத்தோலிக்கம், இரண்டும் சிறியவை. பக்தி குறைந்து மூடவில்லை, சேரும் மாணவர்கள் குறைந்து பணம் போதாமல் மூடின. ஆகவே ஐந்து ஆண்டாக முதலாண்டில் எத்தனை பேர் சேர்ந்தார்கள், அவர்களில் எத்தனை பேர் இரண்டாம் ஆண்டுக்குத் திரும்பி வந்தார்கள் என்று கேளுங்கள். ஆஸ்திரேலியாவில் வெளிநாட்டு மாணவர்களுக்கு ஒரு பாதுகாப்பு உண்டு: கல்வி நிலையம் மூடினால், மாற்று இடம் தேடித் தரவோ மீதிக் கட்டணத்தைத் திருப்பித் தரவோ அரசின் திட்டம் இருக்கிறது. எல்லா நாட்டிலும் அப்படி இல்லை.

இரண்டாவது இடத்துக்கு 'ஓப்பன் டே' அன்று போகவில்லை. பாடம் நடக்கும் ஒரு செவ்வாய்க்கிழமை போனோம். அறிவிப்புப் பலகையில் தேதிகளைப் பார்த்தேன். எல்லாம் அந்த மாதத்தவை. மதியப் பூசையில் பதினொரு பேர், அதில் இரண்டு பேர் ஆசிரியர்கள். நூலகம் சனிக்கிழமை மதியத்தோடு பூட்டப்படும் என்பது எனக்குப் பிடிக்கவில்லை, இன்றும் பிடிக்கவில்லை. மகள் ஒரு வகுப்பில் கடைசி வரிசையில் உட்கார அனுமதி வாங்கினாள்.

அப்புறம் உணவகத்தில், வழிகாட்டி யாரும் இல்லாதபோது, தட்டை எடுத்துக்கொண்டு போய் மூன்று மாணவிகள் இருந்த மேசையில் அவளாகவே உட்கார்ந்தாள். நான் எழுதிக் கொடுத்த கேள்வித்தாளை எடுக்கவே இல்லை. "போன வருஷம் உங்க கூட இருந்து, இந்த வருஷம் இல்லாதது யார்? ஏன் போனாங்க?" என்று மட்டும் கேட்டாள். அவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு நான்கு பெயர் சொன்னார்கள். ஒருத்திக்கு அம்மாவுக்கு உடம்பு சரியில்லை. ஒருத்திக்கு அந்த ஊரே பிடிக்கவில்லை. இன்னொருத்தி பொறியியலுக்கு மாறிவிட்டாள். நான்காவது பெண் ஏன் போனாள் என்று தெரியாது, ஆனால் அவளுடைய ஆசிரியை இன்னமும் மாதம் ஒருமுறை அவளுக்குப் போன் பண்ணுகிறாராம்.

மகள் இப்போது அங்கே மூன்றாம் ஆண்டு. பாடம் எடுப்பவர் அந்த ஆசிரியைதான்.

கேள்விகளைக் கீழே கேளுங்கள், சாம்பார் இன்னும் சூடாக இருக்கிறது என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள்.